வகுப்புக்கு எடுத்துப்போன பை

மார்ச் 3, திங்கள்

நாளை மாலை வகுப்பில் ஊகித்துச் சொல்வது பற்றிய பாடம் நடத்த வேண்டும். என் மாணவர்கள் எல்லாரும் பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் ஆங்கிலம் படிக்க வருகிற பெரியவர்கள். எதைக் கேட்டாலும் 'மேபி' என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். மழை வருமா என்றால் 'மேபி'. தலையில் நாலு சொட்டு விழுந்த பிறகும் 'மேபி'தான். கையில் சான்று இருந்தால் 'மஸ்ட்', இருக்கலாம் இல்லாமலும் போகலாம் என்றால் 'மைட்', இருக்கவே முடியாது என்றால் 'கான்ட்' என்று தொண்டை வறளச் சொல்லியாகிவிட்டது. நாளைக்கு பை விளையாட்டுதான் வழி. யாருடைய பையையாவது மேசையில் கவிழ்த்து, உள்ளே இருப்பதை வைத்து ஆள் எப்படிப்பட்டவர் என்று ஊகிக்க வேண்டும். பையை நான் முன்கூட்டித் திறப்பதில்லை. திறந்து பார்த்துவிட்டால் என் முகமே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

போன முறை மாடி வீட்டு அம்மாவின் பை. மறுபடி அவரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. நாளை என் வீட்டுக்காரருக்கு வார விடுமுறை, டியூட்டி பை கதவுக்குப் பின்னால் சும்மாதானே தொங்கும்? டவுன் பஸ் ஓட்டுகிறவரின் பை. இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்றும் சமையலறை வாசல் நிலையில் இடித்துக்கொண்டார். "இந்த நிலைக்கு என் மேல என்னமோ கோவம்" என்றார். "உங்களுக்கு நிதானமே கிடையாது" என்றேன்.

மார்ச் 4, செவ்வாய்

எல்லாரும் போய்விட்டார்கள். வகுப்பறை மேசையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டுக்குப் போகக் கால் எழவில்லை.

பையைக் கவிழ்த்தேன். முதலில் சாப்பாட்டு டப்பா விழுந்தது. பிறகு சுருட்டிய சீருடைச் சட்டை. பேங்க் அண்ணன் (எப்போதும் முதலில் கை தூக்குகிறவர்) "ஹி மஸ்ட் பி எ டிரைவர்" என்றார். சபாஷ் என்று பலகையில் எழுதினேன்.

தையல் அக்கா சட்டையை உதறினார். அதற்குள்ளிருந்து ஒரு பெரிய டார்ச் விழுந்தது. மாற்று பேட்டரிகள். கடைசிவரை பிதுக்கிய வலி மருந்து டியூப். ரப்பர் பேண்டு போட்ட மூன்று சின்னக் குப்பிகள், மூன்றிலும் லேபிள் உரிக்கப்பட்டிருந்தது.

எனக்கு அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை. டார்ச் எதற்கு என்று யோசித்தேன், அவ்வளவுதான்.

"லெஃப்ட் ஸ்லீவ் ஒன்லி" என்று அக்கா சட்டையின் இடது கையைத் தூக்கிக் காட்டினார். தோளிலும் முழங்கையிலும் சுண்ணாம்பு, துணி நைந்து நூல் பிரிந்திருந்தது. வலது கை புதுசு மாதிரி இருந்தது. நர்ஸ் பெண் ஒரு குப்பியை எடுத்து மூடியின் நிறத்தைப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் தீர்ந்துபோய்விட்டது. "மேடம், இது கண்ணுல அழுத்தம் இருக்கறவங்களுக்குப் போடுற சொட்டு. எங்க வார்டுல தினமும் போடறோம். முத்திப்போனா பக்கவாட்டுல எதுவும் தெரியாது, இருட்டுலயும் தடுமாறும். நேரா மட்டும், குழாய் வழியா பாக்குற மாதிரி தெரியும். இவருக்கு இடது கண்ணு ரொம்ப மோசம் போல, அதான் இடது பக்கம் இடிச்சுக்கிட்டே இருக்காரு." பிறகு நான் திட்டுவேன் என்று பயந்து ஆங்கிலத்துக்கு மாறினாள். "ஹி கான்ட் பி எ டிரைவர்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். கடவுளே, நானும் சிரித்தேனே!

தையல் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "ஹி மைட் பி ஹைடிங் இட் ஃப்ரம் ஹிஸ் வைஃப்" என்றார். பலகையில் அப்படியே எழுதினேன். பழக்க தோஷம், வாய் தானாகக் கேட்டது: என்ன சான்று? "லேபிளை உரிச்சிருக்காரு, மேடம். எல்லாத்தையும் சட்டைக்குள்ள சுருட்டி அடியில வச்சிருக்காரு. ஆபீஸ்ல மறைக்கறவன் வீட்டுல வச்சுட்டுப் போவான். வீட்டுல மறைக்கறவன்தான் எல்லாத்தையும் கூடவே தூக்கிட்டு அலைவான்."

சான்று இருந்தால் மஸ்ட். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். என் கையே 'மைட்'டை அழித்துவிட்டு 'மஸ்ட்' என்று எழுதியது.

அது யாருடைய பை என்று கேட்டார்கள். தெரிந்தவர் பை என்றேன்.

மார்ச் 5, புதன்

கேட்கவில்லை.

விடியும் முன்பே பையை மாட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டார். நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பொங்கி வழிகிறவரை பார்த்துக்கொண்டே நின்றேன். எத்தனை நாளாகப் பேப்பரை மடித்து மூஞ்சிக்கு நேரே பிடிக்கிறார்? சினிமா வேண்டாம் என்றது எப்போது? தெருவில் என் இடது பக்கம் நடக்கிறவர் திடீரென்று வலது பக்கம் மாறிக்கொண்டாரே, நான் அதைப் பாசம் என்றல்லவா நினைத்தேன்?

இல்லை. இருக்காது. சிரமமாக இருந்தால் அவரே ஓட்ட மாட்டார். அவருக்கு அவ்வளவு பொறுப்பு இல்லாமல் இருக்க முடியாது. கான்ட். ஒரு பஸ்ஸில் எத்தனை உயிர்! அவரும்தான் அதில் இருக்கிறார்.

டிப்போவுக்கு போன் போட்டேன். "யாருங்க?" என்றார்கள். வைத்துவிட்டேன். புருஷனைக் காட்டிக்கொடுக்கிறவளா நான்? காட்டிக்கொடுக்காமல் யாராவது செத்தால், அப்போது நான் யார்?

மார்ச் 6, வியாழன்

எழுதியே ஆக வேண்டும். இல்லையென்றால் மண்டை வெடித்துவிடும்.

காலையில் சொல்லாமல் அவர் பஸ்ஸில் ஏறினேன். நான் வேலைக்குப் போகிற வழி வேறு, இந்த பஸ்ஸில் ஏறிப் பல வருஷம் ஆகிறது. கூட்டத்தோடு பின்வாசலில் ஏறி நடுவில் உட்கார்ந்தேன். கண்டக்டர் தம்பி என்னைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து எத்தனை தடவை என் கையால் சாப்பிட்டிருக்கிறான்!

அவன் முன்படிக்குப் பக்கத்திலேயே நின்றான். டிக்கெட்டை எல்லாரும் அங்கே வந்துதான் வாங்க வேண்டியிருந்தது. கம்பியில் மோதிரம் போட்ட விரலால் தட்டிக்கொண்டே இருந்தான். பாட்டுக்குத் தாளம் போடுகிறான் என்று நினைத்தேன். பஸ்ஸில் பாட்டே ஓடவில்லை. இடது பக்கம் ஸ்கூட்டர் வந்தால் ஒரு தட்டு. ஆள் குறுக்கே வந்தால் இரண்டு. அவன் தட்டத் தட்ட இவர் ஸ்டியரிங்கை ஒடிக்கிறார், பிரேக் போடுகிறார். முன்சீட்டுப் பெரியவர் சுகமாகத் தூங்கிக்கொண்டு வருகிறார்.

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கண்ணை வைத்துக்கொண்டு பஸ் ஓட்டுகிறார்கள்.

மருந்துக்கடை முனையில் பின்னால் யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டார்கள். தம்பி பின்னால் போனான். பஸ் இடது பக்கம் திரும்பியது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பெண் சைக்கிளில், பஸ்ஸோடு ஒட்டி வந்துகொண்டிருந்தாள். இவர் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. திருப்பினாலும் தெரியாது என்று எனக்குத் தெரியும். பின்னால் போன தம்பியை விட்டால் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"நில்லுங்க! ஏங்க, நில்லுங்க!"

அப்படி ஒரு குரல் எனக்குள் இருந்ததே எனக்குத் தெரியாது. பிரேக் போட்டார். எல்லாரும் முன்னால் விழுந்தார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது சைக்கிளின் முன்சக்கரம் பஸ்ஸுக்கு அடியில் வளைந்து கிடந்தது. அந்தப் பெண் நடைபாதையில் உட்கார்ந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிராய்ப்புதான். சிராய்ப்பு மட்டும்தான்.

இவர் சீட்டிலிருந்து திரும்பினார். கண் என்னைத் தேடவில்லை. முகம் குரல் வந்த திசையைப் பார்த்தது. பஸ்ஸில் ஆளாளுக்குக் கத்தினார்கள். எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் என்ன நடந்தது என்று தெரிந்தது. என்ஜினை அணைத்தார். சாவியை எடுத்தார். "இனிமே வண்டி போவாது. எல்லாரும் இறங்கிக்கங்க" என்றார். "என்னய்யா ஆச்சு வண்டிக்கு?" என்று யாரோ கேட்டார்கள். "வண்டிக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

சாவியைத் தம்பி கையில் கொடுத்தார். அவன் வாங்காமல் அழுதான். "அக்கா, அண்ணன் ஸ்டியரிங்கை விட்டா ஒடைஞ்சு போயிருவாருன்னுதான்..." என்று என்னிடம் வந்தான். அவனை அறைந்துவிட்டேன். நடுரோட்டில். நான் யாரையும் கைநீட்டியதே இல்லை.

அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் அவள் அம்மா வருகிறவரை இருந்தோம். பிறகு வாசல் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"எப்பப் பாத்தே?" என்றார்.

"நான் பாக்கலை. என் வகுப்பு பார்த்துச்சு. உங்க பையைக் கொண்டுபோய்க் கவுத்தேன்."

சட்டையின் நைந்த இடது கையைத் தடவிப் பார்த்தார். பிறகு, "நல்லா கண்டுபிடிச்சாங்களா?" என்று கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அதுவும் அவருக்குத் தெரிந்திருக்காது என்று பிறகுதான் தோன்றியது. "ம்" என்றேன்.

மார்ச் 7, வெள்ளி

அவரே டிப்போவுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கூட வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். விசாரணை வரும். வேலை போகலாம். தம்பிக்கும் போகலாம். டாக்டர் போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்கிறார். எல்லாமே 'லாம்'.

மார்ச் 9, ஞாயிறு

கோபம் வருகிறது. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டுவிட்டேன். "சொல்லியிருந்தா அன்னைக்கே நிறுத்தியிருப்ப" என்றார். நிறுத்தத்தானே வேண்டும்! "அதான் சொல்லலை" என்றார். இப்படிப் பச்சையாகச் சொல்கிறவரிடம் என்ன சண்டை போடுவது? போட்டேன். சாயங்காலம்வரை போட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

வகுப்பில் பலகையைத் துடைத்துக்கொண்டே உண்மையைச் சொன்னேன். அது என் வீட்டுக்காரர் பை. நர்ஸ் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். தையல் அக்கா எழுந்து வந்து பலகைத் துடைப்பானை என் கையிலிருந்து வாங்கி, மீதியை அவரே துடைத்தார்.

ஏப்ரல் 2, புதன்

சைக்கிள்காரப் பெண்ணுக்குப் புது சைக்கிள் வாங்கிக்கொடுத்தோம். பெல்லை அடித்துக் காட்டினாள். இவர் "இன்னொரு தடவை அடி" என்றார். அடித்தாள். இன்னொரு தடவை என்றார்.

ஜூன் 17, செவ்வாய்

புது அணி சேர்ந்திருக்கிறது. இதுகளும் 'மேபி'தான். மூன்று மாதமாகத் தள்ளிப்போட்டதை இன்று செய்தேன். பை விளையாட்டு. என் கைப்பையையே கவிழ்த்தேன், இவருக்கு வாங்கிய சொட்டு மருந்தும் அதில்தான் இருந்தது. வெற்றிலை மென்றுகொண்டே வந்த ஒரு கடைக்காரர் கண் சொட்டுக் குப்பியைப் பார்த்து 'ஷி மஸ்ட் பி ஓல்ட்' என்றார். அதற்கு மட்டும் சிரிப்பு வந்தது. பிறகு கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றினேன். இவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், முகத்தைத் திருப்பவில்லை. டிப்போவில் மைக் அறிவிப்பு வேலை தருவதாகச் சொல்லி இரண்டு வாரம் ஆகிறது, இன்னும் கூப்பிட ஆள் வரவில்லை.

"இன்னைக்கு பை விளையாட்டு நடந்திருக்கணும்" என்றார்.

தூக்கிவாரிப் போட்டது. நான் சொல்லவே இல்லை.

"எப்படிச் சொல்றீங்க?"

"பைக்குள்ள எல்லாம் கண்டபடி உருளுது. நீ அடுக்கி வச்சா சத்தம் வராது. அழுதும் இருக்கணும்."

"அழலை."

"சரி, மூக்கைச் சிந்தியிருக்க. படியிலேயே கேட்டுச்சு."

இத்தனை வருஷம் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு இவரைப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் தெரியவில்லை. இவர் முகத்தைக்கூடத் திருப்பாமல் என்னைச் சொல்லிவிட்டார். பையைக் கதவுக்குப் பின்னால் மாட்டினேன்.

"வர்ற வகுப்புக்கு என்னையே கூட்டிட்டுப் போயேன்" என்றார். "மேசையில கவுத்துப் பாக்கட்டும்."

வியாழக்கிழமை வகுப்புக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.