அம்மா பேசாத நாட்களில் அம்மாவின் குரல்

ஜூன் 21, சனி

இன்று முழுவதும் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. சிரம்பான் மருத்துவமனையில் அவர் தொண்டையில் இருந்த சிறு கட்டியை எடுத்துவிட்டு நேற்றுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். சில வாரங்களுக்குப் பேசக் கூடாதாம். கிசுகிசுக்கவும் கூடாது; அது இன்னும் கெடுதலாம். எனக்கு இது புதிய செய்தி.

அம்மாவுக்குக் குரல்தான் வேலை. வானொலியில் வரும் நகைக்கடை, சேலைக்கடை விளம்பரங்களில் பாதி அம்மாதான். லிங்கி எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் இருக்கும் இந்த வீட்டில், துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு பதிவு செய்வார். வெளியே செம்பனைக்குலை லாரி போனால் நிறுத்துவார், போனதும் தொடர்வார். அந்த லாரிகளில் ஒன்றை ஓட்டுவது அப்பா. "நான் ரெக்கார்டிங்ல அதிகமா வெட்டினது என் புருஷன் சத்தத்தத்தான்" என்று அம்மா சொல்லிச் சிரிப்பதுண்டு.

குரல் வரும், ஆனால் அதே குரலாக வரும் என்று சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். அப்படியென்றால் வேறு எந்தக் குரலாக வரும்? வந்தால் கடைக்காரர்கள் அம்மாவைக் கூப்பிடுவார்களா?

ஜூன் 24

சதீசன் அங்கிள் மடிக்கணினியோடு வந்தார். ராசாவில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருப்பவர். அம்மாவுக்கு வேலை தருபவர். அம்மாவின் பழைய விளம்பரங்களை எல்லாம் ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலிக்குக் கொடுத்து, அம்மாவின் குரலையே செய்துவிட்டார். எழுத்தைத் தட்டினால் அம்மா பேசுகிறார். அம்மா பக்கத்தில் வாய் மூடி உட்கார்ந்திருக்கிறார்.

"உங்களுக்குச் சரியாகிற வரைக்கும்தான் அக்கா. கடக்காரன் வேற ஆளத் தேடிக்கிட்டான்னா பிறகு திரும்ப மாட்டான்."

அம்மா தலையாட்டினார்.

"கடைக்காரருக்குத் தெரியுமா அங்கிள்?" என்று கேட்டேன்.

"சொல்லிட்டேன் லா. அவனுக்கு ஒரே சந்தோஷம். தங்க வெல மாறினா ஒடனே மாத்திப் பேசுதுல்ல." பிறகு அவராகவே சிரித்தார். "இத்தன வருஷமா உங்கம்மா மூச்சு விடுற சத்தத்த உக்காந்து வெட்டினேன். இப்ப இது மூச்சே விடல, மனுஷன் மாதிரி இல்லன்னு, உக்காந்து மூச்ச ஒட்டிக்கிட்டிருக்கேன். இதெல்லாம் ஒரு வேல."

யாருடைய மூச்சு என்று கேட்டேன். பழைய பதிவுகளில் வெட்டியதுதானாம். அப்படியானால் குரல் செய்யப்பட்டது, மூச்சு மட்டும் அம்மாவுடையது. இதற்கு என்ன பெயர்? எனக்குப் புரியவில்லை. கேட்க அழகாக இருந்தது என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

ஜூன் 26

செயலியை அம்மாவின் கைப்பேசியிலும் வீட்டுக் கணினியிலும் போட்டிருக்கிறோம். அம்மா தட்டுகிறார், கைப்பேசி பேசுகிறது. "நட்டாலி, துணிகளை மடித்து வை" என்று அது சொல்லும்போது துணிக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடி உண்டோ என்று தோன்றுகிறது. அம்மா எங்களிடம் இப்படிப் பேசியதே இல்லை. "ஏய், துணிய மடிச்சியா இல்லியாடி?" என்பதுதான் அம்மா.

தம்பி ரியானுக்கு இதுதான் பிடித்திருக்கிறதாம். "இந்தம்மா திட்ட மாட்டாங்க" என்கிறான். உண்மைதான். கோபத்தைத் தட்டி முடிப்பதற்குள் அம்மாவுக்கே கோபம் ஆறிவிடுகிறது.

ஒரு குழப்பம். அது பேசும்போது நான் கைப்பேசியைப் பார்ப்பதா, அம்மாவின் முகத்தைப் பார்ப்பதா?

ஜூன் 29

முகத்தைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் முகம் தட்டுவதில் மும்முரமாக இருக்கிறது.

ஜூலை 3

என்ன செய்துவிட்டேன் என்று இன்னும் சரியாகத் தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்பாவும் அம்மாவும் மருத்துவமனைக்குப் போயிருந்தார்கள். நான் பள்ளியிலிருந்து வந்த கொஞ்ச நேரத்தில் தோட்டத்துச் சிற்றாலயத்தின் உபதேசியார் சத்தியசீலன் ஐயா வாசலில் வந்து நின்றார். பின் வரிசை வீட்டுச் செல்லம் பாட்டி இறந்துவிட்டார்.

எங்கள் தோட்டத்தில் சாவு விழுந்தால் அதை அம்மாதான் சொல்வார். தோட்டத்தை விட்டுப் பாரோய்க்கும் செனவாங்குக்கும் போய்விட்டவர்கள் எல்லாரும் இருக்கும் வாட்ஸ்அப் புலனக் குழுவில் குரலாகப் பதிவு செய்து போடுவார். ஒருமுறை யாரோ உயிரோடிருந்தவருக்கு இரங்கல் செய்தி அனுப்பிவிட்ட பிறகு, எழுத்தில் வருவதை யாரும் நம்புவதில்லை. அம்மா குரல் வந்தால்தான் வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்புவார்கள்.

"அம்மா கொரல் கம்ப்யூட்டர்ல இருக்காமே? போட்டுடும்மா. வெளியூர் ஆளுங்களுக்கு லீவு எடுக்கணும்ல" என்றார் உபதேசியார்.

எழுதினேன். நன்றாகத்தான் எழுதினேன். "நம் அன்புக்குரிய செல்லம்மாள் இறைவனடி சேர்ந்தார். நல்லடக்கம் நாளை மாலை நான்கு மணிக்கு." பெயர், நாள், நேரம் எல்லாம் சரியா என்று ஒருமுறை கேட்டேன். சரியாக இருந்தது. அனுப்பினேன்.

நான் சொற்களை மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

அந்தச் செயலிக்கு அம்மாவின் விளம்பரங்களை மட்டுமே கொடுத்திருந்தார்கள். அதற்குத் தெரிந்தது சிரிக்கும் குரல் ஒன்றுதான். நாளை மாலை நான்கு மணிக்கு என்பதை, இன்றே வாருங்கள், தவறவிடாதீர்கள் என்பதைப் போலச் சொல்லியிருக்கிறது. குழுவில் முதலில் யாரோ சிரிக்கும் முகம் போட்டு, உடனே அழித்தார்கள். பிறகு பாட்டியின் மகன் அருட்செல்வன் மாமா குரலில் பதில் போட்டார். அழுத குரல்.

"என்ன மார்த்தாக்கா, எங்கம்மாவுக்கு ஆஃபர் போட்டிருக்கீங்களா?"

நாந்தான் மாமா, அம்மா இல்ல, நாந்தான்னு தட்டினேன். அனுப்ப முடியல. அம்மா இன்னும் வரல.

ஜூலை 4

அம்மா நேற்றே வந்து அந்தப் பதிவைக் கேட்டார். மறுபடியும் கேட்டார். முகத்தைக் கழுவிக்கொண்டு சாவு வீட்டுக்குக் கிளம்பினார். நானும் போனேன்.

அருட்செல்வன் மாமா எங்களைப் பார்க்காதது போல நாற்காலிகளை நகர்த்திக்கொண்டிருந்தார். "நான்தான் அனுப்பினேன் மாமா" என்றேன். "தெரியும். ஒங்கம்மாவால பேச முடியாதுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். பாரோய்ல இருக்கிறவங்களுக்குத் தெரியுமா?" என்றார். பாரோயில் இருப்பவர்களுக்கு, அம்மாதான் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அம்மா கைப்பேசியை வெளியே எடுக்கவே இல்லை. பெண்களோடு பாட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் செபமாலை சொன்னபோது அம்மாவின் உதடுகள்கூட அசையவில்லை. பின்னால் யாரோ, "வந்து உக்காந்தா போதுமா?" என்றார்கள். அம்மாவுக்கும் கேட்டிருக்கும்.

ஜூலை 5

அம்மா தட்டினார். கைப்பேசி சொன்னது: "நீ வேண்டுமென்று செய்யவில்லை." நகைக்கடைக் குரல். கோபமா, கோபம் இல்லையா என்று அந்தக் குரலில் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தேன். அதிலும் தெரியவில்லை. நான் அழுததும் அம்மா அந்தச் செயலியைக் கைப்பேசியிலிருந்து அழித்தார். இப்போது பழைய நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதிக் காட்டுகிறார்.

என் அம்மாவின் கையெழுத்து இவ்வளவு மோசம் என்று இத்தனை நாள் தெரியாது.

ஜூலை 8

சதீசன் அங்கிள் வந்தார். நடந்ததைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"தப்பு என்னோடதுதான். சந்தோஷத்த மட்டும் கொடுத்துப் பழக்கிட்டேன். அக்கா, டாக்டர் விட்டதும் கொஞ்ச நேரம் சோகமா படிச்சுக் கொடுங்க. அப்புறம் இதுவே எல்லாத்தையும் பாத்துக்கும்."

அம்மா தாளில் எழுதினார்: யாருக்காக?

"யாருக்காகன்னு இல்ல அக்கா. சும்மா சோகமா."

அம்மா எழுதியதைத் திரும்பவும் அவரிடம் காட்டினார். அவருக்குப் புரியவில்லை. எனக்குக் கொஞ்சம் புரிந்தது போல இருந்தது. ஆனால் விளம்பரத்துக்கு அம்மா சும்மா சந்தோஷப்படுவாரே, அது மட்டும் எப்படி முடிகிறது? கேட்க நினைத்தேன். பதில் எழுத நாட்காட்டித் தாள் போதாது என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 14

டாக்டர் பேசலாம் என்றுவிட்டார். அம்மாவின் முதல் வார்த்தைகள்: "ரியான், அந்த ஃபேன நிறுத்து." ரியான் நிறுத்தாமல் என்னைப் பார்த்தான். குரல் கீழே இறங்கி, கரகரத்து, நடுவில் அறுந்து அறுந்து வருகிறது.

அப்பாதான் பேசினார். "லாரி கியரு மாதிரி இருக்கு. ஆனா ஓடுதுல்ல."

அம்மா சிரித்தார். சிரிப்பும் அறுந்துதான் வந்தது. மாலையில் அலமாரிக்குள் தலையை விட்டு எதையோ பேசிப் பார்த்துவிட்டு உடனே வெளியே வந்தார். நான் புத்தகம் படிப்பது போல இருந்தேன்.

ஜூலை 20

நகைக்கடைக்காரர் தீபாவளி விளம்பரத்துக்கும் கணினிக் குரலே போதும் என்கிறார். அம்மா ஒத்துக்கொண்டார். சதீசன் அங்கிளுடன் ராசாவில் உட்கார்ந்து, அது பேசுவதைக் கேட்டுத் திருத்துவதுதான் இனி அம்மாவின் வேலை. இன்று நானும் கூடப் போனேன்.

"இங்க இழுக்காத தம்பி. நான் இப்படி இழுக்க மாட்டேன்."

"அக்கா, பழைய பதிவுல இழுத்திருக்கீங்க."

"அன்னிக்குச் சளி."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். கரகரத்த அம்மா இனிமையான அம்மாவைத் திருத்துகிறார். எது திருத்தப்படுவது, எது திருத்துவது? பேருந்தில் வரும்போது கேட்டேன். "அது உங்க குரலாம்மா, இல்லையா?"

அம்மா ஜன்னலைச் சாத்தினார். "எனக்கும் தெரியலடி. சோறு போடுது. திட்ட மனசு வரல."

ஜூலை 30

அருட்செல்வன் மாமா வீட்டுக்கு வந்தார். அந்த நாளுக்குப் பிறகு முதல் தடவை. உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார்.

"சனிக்கிழம அம்மாவுக்கு முப்பதாம் நாள் செபம். நீங்க சொன்னாத்தான் வெளியூர் சனங்க வரும். நீங்களே சொல்லுங்கக்கா. அந்த மெஷின் வேணாம்."

"என் கொரல் இப்ப இப்படித்தான் இருக்கு, அருட்செல்வா."

"இருந்துட்டுப் போகட்டும்."

போகும்போது என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அது மன்னித்துவிட்டேன் என்பதா, வருகிறேன் என்பதா தெரியவில்லை.

ஜூலை 31

அம்மா அலமாரிக்குள் போகவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தே பதிவு செய்தார். "நம்ம செல்லம் பாட்டிக்கு" என்று சொன்னதும் குரல் அறுந்தது. கொஞ்சம் இருமல். பிறகு தேதி, நேரம், சிற்றாலயம். வெளியே லாரி போன சத்தமும் அதில் விழுந்தது. நான், "இன்னொரு தடவை எடுங்கம்மா" என்றேன். அம்மா அனுப்பிவிட்டார்.

போன தடவை பேசியது கம்ப்யூட்டர் என்பது இதற்குள் வெளியூர்க்காரர்களுக்கும் தெரிந்திருந்தது. முதல் பதில் பாரோயிலிருந்து எழுத்தில் வந்தது. "இது யார் குரல்? மார்த்தாவின் கம்ப்யூட்டர் கெட்டுப்போய்விட்டதா?"

இன்னொருவர்: "போன தடவை நன்றாகத்தானே இருந்தது."

நான் பதில் தட்டப் போனேன். அம்மா கைப்பேசியை என்னிடமிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பின்வாசலுக்குப் போனார். பின் வரிசையைப் பார்த்து, அந்தக் கரகரத்த குரலால் முடிந்த மட்டும் கத்தினார்.

"அருட்செல்வா, கேட்டியா?"

நானும் அம்மாவின் பின்னால் போய் நின்றேன். பிறகு அங்கிருந்து ஒரு குரல்.

"கேட்டேங்க்கா. சனிக்கிழம கொஞ்சம் வெள்ளனயே வாங்க, செபத்த நீங்கதான் ஆரம்பிக்கணும்."