முப்பத்தொன்றாம் பெயர்

செப்டம்பர் 4, திங்கள்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் பக்கத்து வீட்டுக்குப் போய், அவர்கள் புதிதாக வாங்கியிருக்கும் நாய்க்குட்டிக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்தேன். பல்கூடத் துலக்கவில்லை. நாய்களின் பெயர் என் தொழிலுக்கு வேண்டியிருக்கிறது. குழந்தைகளிடம் ஒரு பெயர் அலுத்துப்போனதும் அது நாய்களுக்கு இறங்கும். இறங்கிவிட்டால் அந்தப் பெயரைக் கோப்பையில் அச்சடிப்பதை நிறுத்திவிடலாம்.

பக்கத்து வீட்டம்மா தயங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க. பையன்தான் வெச்சான். நாங்க வேண்டாம்னுதான் சொன்னோம்."

என் மகளின் பெயர்.

"அழகான பேரு" என்றேன். வேறென்ன சொல்வது, நான் வைத்த பெயர்.

செப்டம்பர் 5, செவ்வாய்

சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல். முதலில் பெயர், அப்புறம்: "அத வாயில வெக்காத. துப்பு. துப்புன்னா துப்பணும்."

மகள் அறையிலிருந்து கேட்டாள்: "என்னையா, அதையா?"

இவர், அவள் அப்பா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எதுக்கும் நீயும் துப்பிடு."

அவள் சிரிக்கவில்லை. வழக்கமாகச் சிரிப்பாள்.

செப்டம்பர் 8, வெள்ளி

முதலாளி கூப்பிட்டார்.

எங்கள் நிறுவனத்தின் சரக்கு எளிமையானது. குழந்தைகளின் பெயர் அச்சடித்த கோப்பை, தண்ணீர் பாட்டில், கதவில் மாட்டும் பலகை. கடைகளில் சுற்றும் ஸ்டாண்டில் வைத்திருப்பார்கள். வருகிறவர்கள் ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றித் தங்கள் வீட்டுப் பெயரைத் தேடுவார்கள். இல்லையென்றால் எங்களைத் திட்டிவிட்டுப் போவார்கள். முன்கூட்டியே அடித்து அனுப்பவேண்டும் என்பதால், இனிமேல் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு என்ன பெயர் வைக்கப்போகிறார்கள் என்று யாராவது சொல்லவேண்டும். அந்த யாராவது நான். படித்தது புள்ளியியல். படிக்கும்போது இப்படி ஒரு வேலை இருப்பது தெரியாது. தெரிந்திருந்தாலும் படித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

போன வருஷம் நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன பெயரை ஒருவரும் வைக்கவில்லை. கிடங்கில் ஒரு சுவர் முழுக்க அது அடுக்கியிருக்கிறது. கிடங்குக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் மரியாதையாகத் தகவல் சொல்லுவார்: "கப்பெல்லாம் வந்தாச்சு மேடம். புள்ளைங்கதான் இன்னும் வரல."

முதலாளி சுற்றி வளைக்கவில்லை. "இந்தத் தடவை முதல் பேராவது சரியா வரணும் மேடம். இல்லன்னா, யாரு கேக்கறாங்களோ அவங்களுக்கு மட்டும் அடிச்சுக் குடுத்துக்கலாம். முன்னாடியே சொல்றதுக்குன்னு ஒரு ஆள் தேவையில்ல."

'ஆள்' என்று சொல்லும்போது அலமாரியைப் பார்த்தார்.

செப்டம்பர் 12, செவ்வாய்

கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

எங்கள் இணையதளத்தில் ஒரு பக்கம் உண்டு. பெயரைத் தட்டினால் அது கோப்பையில் எப்படி இருக்கும் என்று காட்டும். வாங்கவேண்டியதில்லை. பெயர் வைக்க யோசிக்கிறவர்கள் சும்மா தட்டிப் பார்ப்பார்கள். எனக்கு அதுதான் நாடி. ஆறு வாரமாக ஒரு பெயர் அங்கே ஏறிக்கொண்டே இருக்கிறது. இதற்குமுன் அதை யாரும் சீண்டியதில்லை.

பட்டியலில் முப்பத்தொன்று. அடித்து முடியும்வரை பெயரை வாய்விட்டுச் சொல்லக்கூடாது, எண்தான் என்பது அலுவலக விதி. ஒருமுறை அச்சு இயந்திரக்காரர் தன் மச்சானிடம் சொல்லி, மச்சானின் மச்சான் போட்டிக் கம்பெனியில் இருந்து, அப்புறம் நடந்ததெல்லாம் சரித்திரம். பழக்கதோஷம், இங்கேயும் எண்ணாகவே எழுதுகிறேன்.

பழைய பெயர். குட்டை. கொஞ்சலுக்கு இடம் கொடுக்காது. சொன்னால் ஒரு மூட்டையை இறக்கி வைத்தது மாதிரி தொப்பென்று உட்காருகிறது. பத்து வருஷமாக ஊரே காற்றில் பறக்கிற பெயர்களாக வைத்துச் சலித்துவிட்டது. இனி கனமாகத்தான் கேட்பார்கள்.

செப்டம்பர் 15, வெள்ளி

பல் டாக்டர் என் வாயை அகலத் திறக்க வைத்துவிட்டுக் கேட்டார்: "மருமகளுக்கு இது ஏழாம் மாசம். யாருமே வெக்காத பேரா ஒண்ணு சொல்லுங்களேன்." வாயில் இடுக்கி இருந்ததால் தப்பித்தேன்.

செப்டம்பர் 19, செவ்வாய்

முதலாளிக்கு முப்பத்தொன்று பிடித்துவிட்டது. கேட்டதும் கண்ணை மூடி ஒருதரம் முணுமுணுத்துப் பார்த்தார், ஊறுகாயை நாக்கில் வைத்துப் பார்ப்பதுபோல. "இதுதான் மேடம். இதுதான்." மாதிரிக்கு இரண்டு கோப்பை அடிக்கச் சொல்லியிருக்கிறார்.

கிடங்குக்காரர் மட்டும், "இவங்களாவது பொறப்பாங்களா?" என்றார்.

செப்டம்பர் 22, வெள்ளி

மாதிரிக் கோப்பைகளில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இன்னொன்று கிடங்கில். எங்கள் வீட்டில் யாரும் தங்கள் பெயர் போட்ட கோப்பையில் குடிப்பதில்லை. தோற்றுப்போன பெயர்களில்தான் குடிக்கிறோம். ஜெயிக்கப்போகிற பெயரில் ஒருநாள் குடிக்கலாமே என்று ஆசை.

மகள் தண்ணீர் குடிக்க வந்தாள். கோப்பையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கீழே வைத்தாள். உடைந்துவிடக் கூடாது என்பதுபோல மெதுவாக வைத்தாள். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிட வரவில்லை.

செப்டம்பர் 23, சனி

பேசவில்லை. "அவகிட்ட என்ன சொன்னே?" என்கிறார் இவர்.

"கப் கொண்டுவந்தேன்."

"அவ்வளவுதானா?"

அவ்வளவுதான். பதினேழு வயசுப் பெண்ணுக்குக் கோபம் வர இவ்வளவு போதுமா என்று இருவரும் யோசித்தோம். போதும் என்றே பட்டது.

செப்டம்பர் 25, திங்கள்

இன்று அவளே வந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"எப்போலருந்து உனக்குத் தெரியும்?"

"என்ன தெரியும்?"

"நடிக்காதம்மா. என் போனைப் பாத்தியா?"

யாரோ ஒரு பையன், ஏதோ ஒரு பிரச்சினை என்று மனசு எங்கெங்கோ ஓடியது. அவள் கோப்பையைக் கொண்டுவந்து துணிமேல் வைத்தாள்.

"இத எதுக்கு அடிச்சே? கிண்டலா?"

"அது அடுத்த வருஷப் பேருடி."

"அது என் பேரு."

அப்புறம் கொட்டினாள். வகுப்பில் அவள் பெயரில் நாலு பேர். வருகைப் பதிவில் கடைசியாக வருவதால் இவள் 'நாலு'. ஆசிரியர்களும் நாலு என்றுதான் கூப்பிடுகிறார்களாம். "பேரச் சொன்னா மூணு பேர் திரும்பறாங்கம்மா. இப்போ ஒரு நாயும் திரும்புது." அடுத்த மாதம் பதினெட்டு முடிகிறது. முடிந்ததும் எழுதிக்கொடுத்து மாற்றிக்கொள்ளப் போகிறாளாம். இரண்டு மாதமாக ஒரு பெயரை வைத்துக்கொண்டு, பள்ளி விட்டு வந்ததும் தினமும் எங்கள் இணையதளத்தில் தட்டிப் பார்த்திருக்கிறாள். நீலத்தில், பச்சையில், பெரிய எழுத்தில், சின்ன எழுத்தில். தோழிகளையும் தட்டச் சொல்லி, அவரவருக்கு எந்த நிறம் பிடித்தது என்று கேட்டிருக்கிறாள். "நீதானே சொல்லுவே, கப்ல நின்னாதான் அது பேருன்னு."

நான் கேட்டது இதுதான்: "மொத்தம் எத்தனை தடவை தட்டியிருப்பே?"

வாயிலிருந்து வந்தபிறகுதான் எனக்கே காதில் விழுந்தது.

"நான் என்ன சொல்லிட்டிருக்கேன், நீ என்னம்மா கேக்கற?" போய்விட்டாள்.

செப்டம்பர் 26, செவ்வாய்

புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம்: ஒரு பெயர் நூறு தடவை வந்தால், நூறு வீடா, நூறு தடவை சண்டைபோடும் ஒரே வீடா என்று முதலில் பார். பாடம் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு யாரும் நடத்தவில்லை.

அந்த ஒரே வீடு என் வீடு. அடுத்த அறை.

எனக்கு ஏன் சொல்லலை அவ? ரெண்டு மாசம். ஒரே மேசையில உக்காந்து சாப்பிடறோம். கம்பெனி கம்ப்யூட்டர்ல தெரிஞ்சது வீட்ல தெரியலையே — ஊர்ல யார் என்ன பேர் வெப்பாங்கன்னு சொல்றவளாம் நான்.

சரி. நிதானமாக எழுதுகிறேன். அவள் பிறந்தபோது அந்தப் பெயரை எங்கேயும் கேட்டதில்லை. நானே கண்டுபிடித்தது மாதிரி ஒரு பெருமை. அப்போது இந்த வேலையில்கூட இல்லை. அந்த வருஷம் எல்லா வீட்டிலும் அம்மாக்கள் தனித்தனியாக உட்கார்ந்து, யாருமே வைக்காத பெயராக யோசித்து, ஒரே பெயரில் வந்து நின்றிருக்கிறோம். அதை மூன்று வருஷம் கழித்துப் பள்ளி வாசலில்தான் தெரிந்துகொண்டேன். ஒரு தடவை கூப்பிட்டேன், வாசலே திரும்பியது.

செப்டம்பர் 29, வெள்ளி

கணினிப் பிரிவில் சொல்லி, எங்கள் வீட்டிலிருந்தும் மகளின் தோழிகள் வீடுகளிலிருந்தும் தட்டியதை எல்லாம் கழித்துத் தரச் சொன்னேன். முப்பத்தொன்று படுத்துவிடும், முதலாளியிடம் போய்த் தலையைச் சொறியலாம் என்று தயாராக இருந்தேன்.

படுக்கவில்லை. பாதிக்குமேல் கரைந்தது உண்மை. மிச்சம் இருப்பது வேறு வேறு ஊர்கள், வேறு வேறு வீடுகள். ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள். சுவரில் ஈரம் ஏறுவதுபோலச் சத்தமில்லாமல் ஏறுகிறது. இது பொய் ஏற்றம் இல்லை. எனக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் இதையாவது கற்றுக்கொண்டேன்.

ஆக, என் கணிப்பு சரி. காரணம்தான் தப்பு.

என் மகளும் யாரும் வைக்காத பெயரைத் தேடி, எல்லாரும் வைக்கப்போகிற பெயரில் வந்து நிற்கிறாள். தாயைப் போலப் பிள்ளை என்று சும்மாவா சொன்னார்கள். நூலும் அதே, சேலையும் அதே.

அக்டோபர் 3, செவ்வாய்

சமாதானம். அவளாகவே என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"எழுதிக்குடுக்க உன் கையெழுத்து வேண்டாம். ஆனா நீ கூப்பிடலைன்னா அது பேரே இல்லை."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். புதுப் பேர்ல கூப்பிட்டா நாய் திரும்பாதில்ல, அது போதும்னாரு."

பிறகு, நான் பயந்த கேள்வியைக் கேட்டாள். "அந்த கப்பை ஏம்மா அடிச்சீங்க? எல்லாரும் வெக்கப்போறாங்களா இந்தப் பேர? நீ சொன்னா சரியாத்தானே இருக்கும்."

போன வருஷச் சுவரை அவள் பார்த்ததில்லை.

"டீ ஆறுது, குடி" என்றேன். அவள் குடித்தாள். கேள்வி ஆறவில்லை.

அக்டோபர் 4, புதன்

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். யாரோ ஒரு பெரிய மனுஷியைக் கூப்பிடுவது மாதிரி இருக்கிறது. மறுபடி சொன்னேன். "உள்ள யாரோட பேசறே?" என்றார் இவர்.

அக்டோபர் 6, வெள்ளி

திங்கட்கிழமை பட்டியலைக் கொடுக்கவேண்டும். முதல் பெயர் எதுவோ அதுதான் எல்லாக் கடையிலும் ஸ்டாண்டின் மேல்தட்டில். கிடங்குக்காரர் முப்பத்தொன்றுக்காக ஒரு சுவரைக் காலி செய்து வைத்திருக்கிறார், பெருக்கி, துடைத்து. "பழைய புள்ளைங்கள மூலைக்குத் தள்ளிட்டேன் மேடம். பாவம், ஒண்ணும் சொல்லல."

போகும்போது முதலாளி, "நிம்மதியா இருக்கு மேடம்" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அக்டோபர் 8, ஞாயிறு

காலையிலிருந்து மனசுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறேன்.

இனி பிறக்கிற பிள்ளைகள் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் வந்தாலும் அவளோடு ஒரே வகுப்பில் உட்காரப்போவதில்லை. அவள் பெரியவளாகவே இருப்பாள். அவர்கள்தான் திரும்பிப் பார்க்கவேண்டும். அது சரி. ஆனால் நாங்கள் மேல்தட்டில் வைத்தால் அவள் பிறந்தநாளுக்கு முன்பே எல்லாக் கடையிலும் அது சுற்றிக்கொண்டிருக்கும். வைக்க நினைக்காதவர்களும் பார்த்துவிட்டு வைப்பார்கள். அவள் போய்த் தன் புதுப் பெயரைச் சொன்னால், "அட, கப்ல பாத்தோமே" என்பார்கள். புதுப் பெயர் அன்றைக்கே பழசு.

நாங்கள் வைக்காவிட்டால்? வரத்தான் போகிறது. மெதுவாக வரும். போட்டிக் கம்பெனிக்காரர்கள் மோப்பம் பிடிக்க ஒரு வருஷம் ஆகும். அந்த ஒரு வருஷம் அது அவளுடையது மட்டும். பெயர் அவள் வாய்க்கும் மற்றவர்கள் வாய்க்கும் பழக ஒரு வருஷம் போதாதா? எனக்கு இரண்டு வாரத்தில் பாதி பழகிவிட்டது.

மத்தியானம் அவள் மறுபடி கேட்டாள். "அம்மா, நீ சொல்லவே இல்ல. வருமா, வராதா?"

"இந்த வருஷம் வராது."

"கண்டிப்பா?"

"என் வேலையே அதுதானே" என்றேன். அவள் எழுந்துபோனாள், பாட்டுப் பாடிக்கொண்டு.

நாளை நான் கொடுக்கும் பட்டியலில் முதலிடத்தில் ஒன்பதாம் எண் இருக்கும். சுமாரான பெயர், ஒருவரும் திட்டவும் மாட்டார்கள், தேடவும் மாட்டார்கள். முப்பத்தொன்று கடைசியில்கூட இருக்காது. ஒரே வீட்டுச் சத்தம் சார், ஏமாந்துவிட்டேன் என்று முதலாளியிடம் சொல்வேன். அதில் பாதி உண்மை. அவர் அலமாரியைப் பார்ப்பார். ஒன்பது விற்காவிட்டால் அப்புறம் என்னையும் பார்க்கவேண்டியிருக்காது. இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார், நியாயமாகத்தான் கேட்பார்.

இத்தனை வருஷக் கணிப்புகளில் இது ஒன்றைத்தான் நானே நடத்திக் காட்டவேண்டியிருக்கிறது.

அடித்தது இரண்டே கோப்பை. ஒன்றில் அவள் இப்போது காப்பி குடிக்கிறாள். கிடங்கில் இருப்பதை நாளை கேட்டு வாங்கி வந்துவிடவேண்டும். பெரிய கைப்பையாக எடுத்துக்கொண்டு போகவேண்டும்.