சிம்னிக்குள் ஒரு ஈப்புலி

இரணியல்,
9 ஆகஸ்ட் 1934

கர்த்தருக்குள் பிரியமான அத்தானுக்குச் செல்லபாய் எழுதுவது. அவர் கிருபையால் நான் சுகம். குன்னூர்க் குளிரில் நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்றும், நான் அனுப்பிய கம்பளிச் சட்டை பெட்டிக்குள் இல்லாமல் உங்கள் உடம்பில் இருக்கும் என்றும் நம்புகிறேன்.

போன வாரம் போட்ட கார்டு கிடைத்திருக்கும். அதில் எழுதியது மெய்தான். நீங்கள் கேட்ட பழுப்பு ஆண் ஈப்புலி கிடைத்துவிட்டான். பள்ளிக்கூடம் விட்டு வந்து, நம் தோட்டத்தில் வாழைச் சருகுகளை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டிருந்தேன். ஒரு சருகின் மடிப்பில் உட்கார்ந்திருந்தான். நீங்கள் பிடித்துப் போன பெண்களைப் போலவே பழுப்பு நிறம், முதுகில் அதே மங்கலான புள்ளிகள். ஆனால் முகத்துக்கு முன்னால் இருக்கும் இரண்டு குட்டிக் கைகளின் நுனி மொட்டுப் போலத் தடித்திருந்தது. ஆணுக்கு அதுதான் அடையாளம் என்று என் கையில் பூதக்கண்ணாடியைக் கொடுத்து நீங்கள் காட்டியது நினைவிருக்கிறது. அவன் ஓடவில்லை. உடம்பைத் திருப்பி, அந்த இரண்டு பெரிய கண்களால் என்னை நிமிர்ந்து பார்த்தான். சாதாரண எட்டுக்காலி நம்மைப் பார்ப்பதே இல்லை. ஈப்புலி பார்க்கிறது. வலை கட்டி மூலையில் காத்துக் கிடக்காமல் ஈயின் மேல் பாய்ந்து பிழைக்கிற இனம், அதற்குக் கண் வேண்டாமா?

ஆக, உங்கள் காரியம் கைகூடிவிட்டது. பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு புது இனம் என்று தன் சிலந்திப் புத்தகத்தில் சேர்க்கமாட்டேன், ஆணையும் காட்டு என்று ஹார்லண்ட் துரை பிடிவாதமாக இருந்தாரே, இனிச் சேர்த்துக்கொள்வார். புத்தகம் முடிந்ததும் சீமைக்குப் போகும்போது உதவிக்கு உங்களையும் கூட்டிப் போவார். அங்கே ஒரு மியூசியத்தில் மூன்று வருஷம் வேலை. அந்தப் புது இனத்துக்கு என் பெயரை வைக்கவும் அவரிடம் சம்மதம் வாங்கியிருக்கிறீர்கள். என் பெயரை லத்தீனில் எழுதி அனுப்பியதைப் பார்த்தேன். நான் இத்தனை அழகாக இருப்பேன் என்று எனக்கே தெரியாது. மூன்று வருஷம் என்பதை மட்டும் ஏனோ பொடி எழுத்தில் எழுதியிருந்தீர்கள்.

இனி எழுதப்போவதைப் படித்து நீங்கள் சிரிக்கக்கூடாது. நீங்கள் வைத்துவிட்டுப் போன ஸ்பிரிட் டின்னில் இருந்தபடியே ஆவியாகிப் போய்விட்டது. பிடித்தவனை எதிலாவது போட்டு அனுப்ப வேண்டுமே என்று, கருங்கல் ஊர்ச் சந்தைக்கு வண்டி கொண்டு போகிற கிருஷ்ணமணியிடம் ஒரு குப்பி சாராயம் வாங்கி வரச் சொன்னேன். யாருக்கும் தெரியாமல் கொண்டு வா என்று சொல்ல எனக்குப் புத்தி இல்லாமல் போயிற்று. சனிக்கிழமை நம் வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம். எல்லாரும் முழங்காலில் நிற்கிறோம். அவன் வாசலில் வண்டியை நிறுத்தி, “டீச்சரே, நீங்க கேட்ட சாராயம் கொண்டு வந்திருக்கேன், நல்ல காரமாக்கும்” என்று கூவினான். ஜெபம் பண்ணிக்கொண்டிருந்த நேசம்மாளுக்கு ஆமென் எங்கே போடுவது என்று தெரியவில்லை.

மது தொடமாட்டோம் என்று குடும்பம் குடும்பமாகக் கையெழுத்துப் போட்ட சபை நம்முடையது. சும்மா விடுவார்களா? மறுநாளே டீக்கனார் ஏசுஅடிமை வந்தார். குப்பியைத் திறந்து முகர்ந்தார். இது ஈப்புலிக்கு என்று சொன்னேன். “எட்டுக்காலி குடிக்குமாக்கும்?” என்று கேட்டார். குடிக்க அல்ல, ஊறப்போட என்றேன். அது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. குப்பியைத் தென்னை மூட்டில் கவிழ்த்துவிட்டு, சபையில் விசாரித்து முடிக்கும் வரை திருவிருந்துக்கு வரவேண்டாம் என்று சொல்லிப் போனார். கோயிலில் பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு வருத்தம்தான்.

நீங்கள் ஸ்பிரிட் அனுப்பும் வரை அவன் உயிரோடு இருக்கட்டும் என்று விளக்குச் சிம்னிக்குள் விட்டு, இரண்டு வாயையும் மல்துணியால் கட்டி வைத்திருக்கிறேன். பழத்தோலில் மொய்க்கிற பொடி ஈக்கள் அவனுக்குச் சாப்பாடு. துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முகத்தை வைத்துக் குடிக்கிறான். சாயங்கால வெயில் சிம்னியில் விழும்போது கண்ணாடியும் அவனும் தேன் நிறமாகிவிடுகிறார்கள். நான் நோட்டுத் திருத்துவதை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவனும் என்னைப் பார்க்கிறான். இந்த வீட்டில் இப்போது என்னைப் பார்க்கிற ஆள் அவன் ஒருவன்தான்.

கர்த்தர் உங்களைக் குளிருக்கும் இருமலுக்கும் விலக்கிக் காப்பாராக.

உங்கள்
செல்லபாய்


இரணியல்,
6 செப்டம்பர் 1934

அன்புள்ள அத்தானுக்குச் செல்லபாய் பிரியத்தோடு எழுதுவது. இதை நின்றுகொண்டு படிக்காமல் உட்கார்ந்து படியுங்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. விஷயம் அந்தப் பழுப்பு ஆணைப் பற்றியது.

கார்டு எழுதிய அந்தச் சந்தோஷம் எனக்கு அதிக நாள் நிலைக்கவில்லை. அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். சிம்னியின் மேல்பக்கம் வெள்ளை நூலால் ஒரு பை பின்னி அதற்குள் போய்ப் படுத்துக்கொண்டான். செத்துப் போவானோ என்று பயந்தேன். ஓண விடுமுறை, விடாத மழை. வெளியே போகாமல் சிம்னிக்குப் பக்கத்திலேயே கிடந்தேன். மழைச் சத்தத்தில் பகலிலேயே கண் அசந்து ஒரு சொப்பனம் வந்தது. சிம்னிக்குள் நான் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே நீங்களும் துரையும் பூதக்கண்ணாடியோடு நிற்கிறீர்கள். இவளை எந்தப் பெட்டியில் வைப்பது என்று துரை கேட்கிறார். நீங்கள் யோசிக்கிறீர்கள், யோசித்துக்கொண்டே இருக்கிறீர்கள். கண்ணாடி மூச்சில் மங்கிப்போய், கடைசியில் உங்கள் கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. நான் தட்டினேன், சத்தம் வரவில்லை.

விழித்தபோது மழை விட்டிருந்தது. சிம்னிக்குள் வேறு ஒருவன் நின்றான். கருகரு என்று உடம்பு, குறுக்கே வெள்ளைப் பட்டை, முகத்தில் செம்பட்டை மயிர். கோட்டைச் சுவரில் நிறைய உண்டு, அது முன்பே பெயர் வைத்த இனம், நம்மிடம் இருக்கிறது, பிடிக்க வேண்டாம் என்று நீங்கள் விலக்கச் சொன்ன அதே கறுப்பன். எப்படி உள்ளே வந்தான் என்று துணிக்கட்டைப் பார்த்தேன். கட்டு கட்டியபடியே இருந்தது. பிறகு பூதக்கண்ணாடியை எடுத்துப் பையைப் பார்த்தேன். அதற்குள் பழுப்பு நிறத்தில் ஒரு வெறும் தோல் கிடந்தது. கால்கள், மொட்டு வைத்த குட்டிக் கைகள் எல்லாம் அப்படியே இருந்தன. உள்ளே மட்டும் ஆள் இல்லை.

அத்தான், பழுப்பில் ஆணே கிடையாது. வளருகிற வரைக்கும் ஆணும் அம்மாவின் பழுப்பையே உடுத்திக்கொண்டிருக்கிறான். கடைசித் தோலை உரித்ததும் கறுப்பனாகிவிடுகிறான். கறுப்பனுக்குப் பெண் எந்தக் காட்டில் இருக்கிறாளோ என்று துரை தேடிக்கொண்டிருக்கிறார் என்று எழுதியிருந்தீர்களே, அவள் நம் வாழைத்தோட்டத்தில் இருக்கிறாள். புருஷனையும் பெண்சாதியையும் பிரித்து, ஆளுக்கு ஒரு புட்டியும் ஆளுக்கு ஒரு பெயரும் கொடுத்து வைத்திருக்கிறோம். அன்றைக்குக் கையில் சாராயம் இருந்திருந்தால் அவனைப் பழுப்பாகவே போட்டு உங்களுக்கு அனுப்பியிருப்பேன். நீங்களும் புத்தகத்தில் சேர்த்திருப்பீர்கள்.

இதைக் கண்டதும் எனக்குச் சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. புது இனம் இல்லையென்றால் சீமைப் பயணமும் இராது. நீங்கள் போகக்கூடாது என்று நினைக்கிறவளின் கண்ணை எப்படி நம்புவது? அதனால், விசாரணைக்கு வந்த டீக்கனாரையே பக்கத்தில் உட்காரவைத்தேன். நீங்கள் போனாலும் இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். தோலைக் காட்டினேன். பிறகு, வாழையில் பிடித்து ஊறுகாய்ப் பரணியில் உயிரோடு வைத்திருந்த ஒரு பழுப்புப் பெண்ணை எடுத்துச் சிம்னிக்குள் விட்டேன்.

கறுப்பன் அவளைக் கண்டதும் முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கினான். இடப்பக்கம் ஓடினான், நின்றான், வலப்பக்கம் ஓடினான். பின்னுடம்பை நடுக்கினான். அவள் அசையாமல் அவன் போகும் பக்கமெல்லாம் முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டிருந்தாள். எத்தனை நேரம் அப்படிப் பார்த்தோமோ, வீடு முழுக்க அந்தச் சிம்னி ஒன்றுதான் இருப்பதுபோல எனக்குத் தோன்றியது. கடைசியில் அவன் மெல்ல வந்து அவளைத் தொட்டான். அவள் இடம் கொடுத்தாள். டீக்கனார் தொண்டையைக் கனைத்து, “எம்மாடி, பழைய சட்டையைக் கழத்திப் போட்டுட்டு மாப்பிள்ளையாட்டு நிக்கான் பாத்தியளா” என்று சொல்லிவிட்டு, கதவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நானும் நோட்டுத் திருத்தப் போய்விட்டேன். வீட்டுக்குப் போகும்போது டீக்கனார், “அந்தக் குப்பிய நான் கவுத்ததும் நல்லதுக்காக்கும், என்ன டீச்சரே?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லத்தான் வேண்டியிருந்தது.

என் பெயர் இதோடு புத்தகத்திலிருந்து போகும். கொஞ்சம் ஆசையாகத்தான் இருந்தது, போகட்டும். துரையிடம் உடனே சொல்லிவிடுங்கள். நீங்கள் கேட்ட ஆண் கிடைத்துவிட்டான் என்று நான்தான் அவசரப்பட்டு எழுதினேன் என்று என்மேல் பழியைப் போடுங்கள்.

கர்த்தர் உங்களுக்கு நல்ல மனசமாதானத்தைத் தருவாராக.

உங்கள்
செல்லபாய்


இரணியல்,
27 செப்டம்பர் 1934

அன்புள்ள அத்தானுக்குச் செல்லபாய் எழுதுவது. உங்கள் கடிதம் வந்தது. நான் சுகமாக இருக்கிறேன். டீக்கனார் சபையில் எழுந்து எல்லாம் விளக்கிச் சொல்லி, போன ஞாயிற்றுக்கிழமை என்னைத் திருவிருந்துக்குச் சேர்த்துக்கொண்டார்கள். சிம்னிக் கல்யாணத்தைப் பற்றி மட்டும் அவர் அங்கே பேசவில்லை.

உங்கள் கடிதத்தைப் பற்றி எழுதுகிறேன். சிம்னி மாறிப்போயிருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் வீட்டில் இருப்பதே ஒரு சிம்னிதான். மற்றதை நீங்கள் குன்னூருக்குக் கொண்டு போனீர்கள். கொழும்பில் கப்பலுக்கு இடம் சொல்லியாயிற்று, துரை சந்தோஷமாக இருக்கிறார், இந்த நேரத்தில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆண் கிடைத்ததற்கு என் கார்டு ஒன்றே சாட்சியாகப் போதும் என்று துரை அதைத் தன் மேஜைமேல் வைத்திருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரணியல் வாழைத்தோட்டத்துப் பூச்சியைச் சீமையில் யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள், பின்னால் திருத்திக்கொள்ளலாம் என்று நீங்கள் எழுதியதை வாசித்தபோது, இது உங்கள் கையெழுத்துதானா என்று திரும்பப் பார்த்தேன். ஒரு காலில் எத்தனை முள் இருக்கிறது என்று எண்ணி முடிக்கும் வரை சோற்றுக்கு வராத மனுஷன் நீங்கள். சோறு ஆறிப்போகிறது என்று நான் சண்டை போட்டிருக்கிறேன். அந்த மனுஷனைத்தான் எனக்குத் தெரியும்.

நான் கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். கோபம்தான். உங்களுக்கு இது எத்தனை பெரிய ஆசை என்று தெரிந்தும் கோபம்தான். மிஷன் பள்ளிக்கூடத்துப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு ஜன்னலில் ஓடும் ஈப்புலியையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, ஒரு துரை வந்து கதவைத் திறந்துவிட்டார். அந்தக் கதவை நானே போய் மூடுகிறேன் என்று எனக்குத் தெரியும்.

டீக்கனார் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போய், போதகரின் சீட்டைக் காட்டிக் கொஞ்சம் ஸ்பிரிட் வாங்கி வந்தார். இன்று காலை அவனை அதில் போட்டேன். நீங்கள் என் வார்த்தையை நம்பியிருந்தால் போட்டிருக்கமாட்டேன். சிம்னியைச் சாய்த்தபோது, வழக்கம்போலத் திரும்பி என்னைப் பார்த்தான். அவனும் பழுப்புத் தோலும் ஒரே புட்டியில் இருக்கிறார்கள். அவளை வாழையில் விட்டுவிட்டேன். புட்டி தனிப் பார்சலில் வருகிறது. ஸ்பிரிட்டில் செம்பட்டை மங்கிப்போகும், ஆனாலும் பூதக்கண்ணாடியை வைத்தால் உங்களுக்குப் புரியும். உங்களுக்குப் புரியாமல் இல்லை என்றும் எனக்குத் தெரியும்.

நீங்கள் போகக்கூடாது என்பதற்காகத்தான் இவள் இத்தனை பாடுபடுகிறாள் என்று உங்கள் மனசில் ஓடும். என் மனசிலும் ஓடியது. நீங்கள் சீமைக்குப் போகாமல் இங்கேயே இருந்துவிட வேண்டும் என்று ஜெபத்தில் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், மறைக்கவில்லை. இன்றோடு அந்த ஜெபத்தை விட்டுவிட்டேன். உள்ளதைக் கேட்ட பிறகும் துரை உங்களைக் கூட்டிப்போனால், தூத்துக்குடி வரை நானே வந்து கொழும்புக்குக் கப்பலேற்றுகிறேன். உங்கள் முன்னால் அழமாட்டேன். மூன்று வருஷமும் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டு, உங்களுக்கு எழுதிக்கொண்டு இருப்பேன். அவர் கூட்டிப்போகவில்லை என்றால், குன்னூரிலிருந்து எந்த வழியாக வந்தாலும் தக்கலையில் பஸ் நிற்கும், அங்கே வந்து நிற்பேன். வெறுங்கையோடு வருகிறோமே என்று கூசவேண்டாம்.

உள்ளதைச் சொல்லிவிட்டு எங்கே வேண்டுமானாலும் போங்கள். சொல்லாமல் மட்டும் வீட்டுக்கு வரவேண்டாம்.

கர்த்தர் உங்கள் வாயைத் திறப்பாராக.

உங்கள்
செல்லபாய்