ஆனியில் வைத்த ஊதாப்பூ மரம்

பிரியமுள்ள ராசாத்தி அக்காவுக்கு,

மூன்று நாளாகப் போடியில் நல்ல மழை. நீ போய் இரண்டு மாதம் கழித்து, ஐப்பசியில் பெய்கிறது. மண் அப்படியே இளகிக் கிடக்கிறது. எனக்கு வானத்தைப் பார்த்தாலே எரிச்சலாக வருகிறது.

பங்குனியில் மச்சானோடு என் எஸ்டேட்டுக்கு வந்தாயே, பங்களா முன்னால் பூத்து நின்ற ஜக்கரண்டாவை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஆத்தாடி, மரம் பூராம் ஊதா! எங்க வாசல்ல ஒண்ணு வச்சுக் குடுடா" என்றாய். பூக்க ஆறேழு வருஷம் ஆகும் என்றேன். பட்டென்று அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். முந்தின வாரம்தான் மதுரை டாக்டர் உன் வயிற்றுக் கட்டியைப் பார்த்துவிட்டுக் கைவிரித்திருந்தார். அது உனக்கும் தெரியும்.

"பூவை யாருடா கேட்டா? நான் இருக்கயில ஒரு கொழுந்து விட்டாப் போதும். இப்பவே வையி. நான் குளிக்கிற தண்ணியப் பூராம் அதுக்கே விடுறேன்."

"இந்த வெயில்ல எவனாச்சும் மரம் வப்பானா? ஆனி வரட்டும். மழையோட வச்சாத்தான் வேர் பிடிக்கும்."

"வெவசாயம் படிச்ச தொர சொல்லிட்டாரு, கேட்டுக்கிருவோம்" என்று சிரித்தாய்.

ஆனி பிறந்தது. போடிமெட்டுக்கு மேலே கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஏலக் கன்றுகளை அந்த மழையில்தான் நடுவோம். நாலு வருஷமாக அதுதான் என் காலண்டர். நாற்றங்கால் நிழலில் வளர்ந்த ஜக்கரண்டா கன்று ஒன்றை ஜீப்பில் கீழே போடிக்கு, உன் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மூன்றடிக் குழி, தொழு உரம், செம்மண், முட்டுக்கம்பு, எல்லாம் படித்தபடி. கட்டிலை வாசலுக்கு இழுத்துப் போடச் சொல்லிப் படுத்துக்கொண்டே பார்த்தாய்.

அந்த மழை மலையைத் தாண்டிக் கீழே வராது, காற்று மட்டும்தான் வரும் என்பது போடியில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். அந்தப் புழுதியைத் தின்று வளர்ந்தவன்தானே. ஆனால் கடப்பாரையைக் கையில் எடுத்தபோது எஸ்டேட்காரனாகிவிட்டேன். இரண்டே வாரக் காற்றில் இலையெல்லாம் கருகிக் கொட்டியது. ஆடி பிறக்கும்போது நுனி முறிந்து வெறும் குச்சியாக நின்றது.

"விடுடா. எனக்கு அடிச்ச காத்து அதுக்கும் அடிச்சிருச்சு" என்றாய். எனக்குப் பேசாமல் இருக்கத் தெரியாதே. "ஐப்பசில வேற கன்னு வைக்கிறேன். இங்க அதுதான் சரியான காலம்" என்றேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். ஐப்பசி என்று எந்த வாயால் சொன்னேன்? ஆவணியில் போய்விட்டாய்.

பங்குனியிலேயே வைத்திருந்தால்? கீற்றால் ஒரு மறைப்புக் கட்டி, உன் குளியல் தண்ணீரை விட்டிருந்தால் பிழைத்திருக்கும். கஷ்டம்தான், ஆனால் முடியும். அதையும் படித்தவன்தான் நான். மரத்துக்கு எந்த மாதம் நல்லது என்று பார்த்தேன். உனக்கு இன்னும் எத்தனை மாதம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நேற்று வேறொரு கன்றோடு உன் வீட்டுக்கு வந்தேன். மச்சான் வாசலிலேயே மறித்தார்.

"வேண்டாம் மாப்ளே. சாவு விழுந்த வீடு. வருசம் திரும்பாம புதுசா எதையும் ஊன்றக் கூடாது. கோவிச்சுக்கிராத."

"வருசம் திரும்புற வரைக்கும் மழை நிக்குமா மச்சான்?" என்று கத்தினேன். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். இத்தனை நாளில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியவில்லை அக்கா. கன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நின்றேன்.

அதைப் பெரிய நாற்றுப் பைக்குள் மாற்றி ஒரு வருஷம் காப்பாற்றப் பார்க்கிறேன். பைக்குள்ளேயே வேர் சுற்றிக்கொண்டால் அப்புறம் மண்ணில் ஊன்றுமா என்பது சந்தேகம். பிழைக்கும் என்று உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் மலையிலிருந்து இறங்கி வந்து, மச்சானோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடுவேன். காற்றடித்தாலும் மழை பெய்தாலும் வருவேன்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்த தம்பி
முருகேசன்