சாலையில் ஒட்டிக்கொண்ட சக்கரம்

மாமா,

நேற்று லுக்குட் டவுனில் பேரனுடைய மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்றப் போயிருந்தோம். பட்டறையில் கழற்றிய பழைய டயர்கள் வெயிலில் கிடந்தன. சூடேறிய ரப்பர் வாடை மூக்கில் ஏறியதும் அங்கேயே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு எழுத்து தெரியாது, அது உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். என் அக்காளைக் கட்டிய உங்களிடம் சொல்ல வேண்டியது நிறையச் சேர்ந்துபோய்விட்டது.

ஜப்பான்காரன் மலாய் நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலம். லிங்கிப் பக்கம் நம் ரப்பர் தோட்டத்தில், பாலை உறையவைத்துத் தட்டிய ஷீட்டுகள் ஏற்றிப்போகக் கப்பல் இல்லாமல் குவிந்து கிடந்தன. ஆனால் கடைகளில் டயர் கிடையாது. உங்கள் சைக்கிள் வெறும் இரும்பு வளையத்தில் நின்றது. அதைப் பார்த்து ஒருநாள் சொன்னீர்கள்: “ஒலகத்துக்கே டயருக்குப் பாலு குடுக்குறது நாம. நமக்கு ஒரு டயரு இல்லையா?”

பச்சை ஷீட்டை வார் வாராக அறுத்து, இரண்டு வளையத்திலும் இறுக்கிச் சுற்றி, புகை போடும் கொட்டகையில் மற்ற ஷீட்டுகளோடு சக்கரங்களையும் தொங்கவிட்டீர்கள். பழுப்பாகப் பளபளத்து வந்தது. தொழிலாளர் வரிசை வீடுகள் இருந்த லயமே கூடி அமுக்கிப் பார்த்தது. கங்காணிகூட ஒரு சுற்று கேட்டு வாங்கி ஓட்டினார். மர நிழலில், செம்மண் பாதையில், அது பஞ்சுபோலப் போயிற்று. நம் பால் ஷீட்டாகக் கப்பல் ஏறும், டயராகத் திரும்பி வரும். நடுவில் வெள்ளைக்காரன் அதில் என்ன கலந்தான், எப்படி வேகவைத்தான் என்று நம்மில் யாரும் யோசித்ததில்லை. ரப்பருக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்கள், நமக்குத் தெரியாத ரப்பரா என்று இருந்துவிட்டோம்.

அக்காவுக்கு நிறைமாதம். கால் இரண்டும் வீங்கிவிட்டன, பார்வை மங்குகிறது என்றாள். மருத்துவச்சி உங்களை வெளியே கூப்பிட்டாள். “இனி எங்கையில இல்லப்பா. போர்டிக்சன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. இல்லன்னா ரெண்டு உசுரும் தங்காது.” தோட்டத்து லோரியை ஜப்பான்காரன் எப்போதோ எடுத்துப் போய்விட்டான். சைக்கிளின் பின்பலகையில் சாக்கை மடித்துப் போட்டு அக்காவை உட்காரவைத்தோம். நீங்கள் ஹாண்டில் பிடித்துத் தள்ள, நான் அவள் முதுகைத் தாங்கிக்கொண்டு வந்தேன்.

தார் ரோடு ஏறியபோது உச்சி வெயில். கொஞ்ச தூரம் போனதும் சக்கரம் கனத்தது. குனிந்து பார்த்தால் ரப்பர் இளகி, தாரோடு ஒட்டி, நூல் நூலாக இழுபடுகிறது. பிறகு ஒரு பக்கம் அப்படியே உரிந்து ரோட்டில் தங்கிவிட்டது. நான் அக்காவை இறக்கி ஓரத்தில் உட்காரவைத்துவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் அதைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

“பாத்தியா மாப்ளே, நம்ம ரப்பருக்குத் தோட்டத்த விட்டுப் போக மனசில்ல.”

அந்த வேதனையிலும் அக்கா உங்களை முறைத்தது நினைவிருக்கிறது. நீங்கள் இடுப்பிலிருந்த பால் வெட்டும் உளியால் மிச்ச ரப்பரையும் அறுத்தெறிந்துவிட்டு, ரோட்டோரத்து மலாய்க்கார வீட்டுக்கு ஓடினீர்கள். அந்த வீட்டுக் கிழவி அக்காவின் வயிற்றை ஒரு பார்வை பார்த்தார். கிணற்றுக்குப் போய் வாளியை அவிழ்த்துவிட்டு, “அம்பில் லா”, எடுத்துக்கொள் என்று தேங்காய் நார்க்கயிற்றை உங்கள் கையில் போட்டார். அதை இரண்டு வளையத்திலும் சுற்றி, கம்பிகளுக்குள் விட்டு முடிச்சுப் போட்டீர்கள். வண்டி தடதடத்தது, ஆனால் ஓடியது.

பாதி வழியில் அக்காவின் தலை தொங்க ஆரம்பித்தது. அப்போதுதான் நீங்கள் வரப்போகிற சைக்கிளைப் பற்றிப் பேச ஆரம்பித்தீர்கள். அதற்குக் காற்றே அடிக்க வேண்டாம், மிதிக்கவும் வேண்டாம். மேலே குடை இருக்கும், பக்கத்தில் குளிர்ந்த காற்று விடும் பெட்டி இருக்கும். தொட்டிலில் படுப்பதுபோல் படுத்துக்கொண்டு, போகிற ஊரை வாயால் சொன்னால் போதும், அதுவே போய்ச் சேர்ந்துவிடும்.

அக்கா கண்ணைத் திறக்காமலே கேட்டாள். “அதுக்கும் நீங்கதான் டயரு போடுவீங்களா? வேணாஞ்சாமி.”

நீங்கள் அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இன்னும் சத்தமாக அடுத்ததைச் சொல்ல ஆரம்பித்தீர்கள். அவள் தூங்கிவிடாமல் பதில் சொல்லிக்கொண்டே வரவேண்டும் என்றுதான் அத்தனையும் பேசினீர்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆஸ்பத்திரி வாசல்வரை நீங்கள் நிறுத்தவில்லை. அங்கே கயிறு நைந்து இரும்பு தெரிந்தது.

மறுநாள் பெண் பிறந்தாள். அக்காவும் பிழைத்தாள்.

பிள்ளை குப்புற விழத் தொடங்கிய சமயம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலிருந்தே ஜப்பான்காரர்கள் உங்களை லோரியில் ஏற்றினார்கள். சயாமுக்கு, ரயில் ரோடு போட. அன்று அக்கா அழுது முடித்துவிட்டு என்னிடம் சொன்னாள்: “இவ என்ன என்ன செய்யிறாளோ எல்லாத்தையும் பாத்து வை. அவரு வந்ததும் சொல்லணும். எனக்கு மறந்து போகும், ஒனக்கு மறக்காது.”

சயாமிலிருந்து திரும்பியவர்களை நான் ஒருவர் விடாமல் கேட்டேன். உங்களைப் பார்த்தவர் யாருமில்லை. அக்காவும் போய்விட்டாள். பார்த்து வைத்ததெல்லாம் என்னிடமே நிற்கிறது, மாமா. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். உங்கள் மகள் முதன்முதலாக நடந்தது மழை விட்ட ஒரு சாயங்காலம். லயத்து வாசலில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையை விட்டாள். இடது காலைத்தான் முதலில் வைத்தாள்.