கொள்பொழுதும் கோள்பொழுதும்

வாழ்க ஆம்பல் நாடு. அதன் ஏழு ஏரிகளும் கரை உடையாது நிறைக. அதன் வயலும் கன்றுகாலியும் பெருகுக. அதன் கைக்குழந்தைகள் எல்லாம் வயிறு நிறைந்து உறங்குக.

ஏழேரி காத்தவள் எனவும், உப்பங்கழிப் போரில் பகை வென்றவள் எனவும், முடிசூடியோர் வணங்கும் முடியினள் எனவும் உங்களாலேயே விருதுப்பெயர் சூட்டப்பட்டு, இந்நாள் அம்முடியைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு, தலைவார நேரமின்றி மகப்பேற்று மாளிகையின் உள்ளறையில் வீற்றிருக்கும் காரிநங்கையாகிய யாம், முன்மண்டபத்தில் அமர்ந்து நாடு காக்கும் ஐம்பெருங்குழுவுக்கு விடுக்கும் ஓலை இது. அறிவில் மலையனைய முதலமைச்சர் மாசாத்தனாருக்கும், நாளையும் கோளையும் விரல் நுனியில் நடத்தும் பெருங்கணி விழுப்பரையருக்கும், முன்வைத்த காலைப் பின்வையாத படைத்தலைவருக்கும், இம்மூவர் சொல்வதற்கெல்லாம் தலையசைக்கும் மற்ற இருவருக்கும் எம் வாழ்த்து உரியதாகுக. உங்கள் இல்லங்களில் நலம் நிலவுக. உங்கள் செவிகளும் நலமே என்று நம்புகிறோம்.

பிள்ளை பிறந்து தொண்ணூறு நாள் வரை ஆண்மக்கள் எவரும் எம் வாயில் திரையைத் தாண்டலாகாது என்பது இந்நாட்டு மரபு. ஆகவே நாற்பது நாளாக நமக்குள் பேச்செல்லாம் ஓலையாகவே நடந்து வருகிறது. எம் மகளை நீங்கள் ஐவரும் இதுவரை கண்ணால் கண்டதில்லை. அவளைப் பற்றி நீங்கள் எழுதிய ஓலைகளோ ஒரு பெட்டி கொள்ளாது.

அவற்றுள் கடைசி ஓலை நேற்று உச்சிப்பொழுதில் வந்தது. அரசியின் பாலை இளையபிராட்டி ஏற்கவில்லை என்றும், அவள் ஓயாது அழுவது நாட்டுக்கு ஆகாத குறி என்றும், ஆகையால் வரும் நிறைமதி நாளில் பல்லக்கு அனுப்பிப் பிள்ளையைச் செவிலிமாடத்துக்கு எடுத்துப் போவது என்றும், அங்கே காத்திருக்கும் எழுவருள் நாள்மீன் பொருத்தம் அமைந்த ஒருத்தி பாலூட்டுவாள் என்றும், அரசி கவலை நீங்கி அரியணைக்குத் திரும்பலாம் என்றும் அதில் கண்டது. ஐவரும் ஒப்பமிட்டிருந்தீர்கள். செவிலிமாடம் புகுந்த பிள்ளை ஐந்து வயது நிறைந்தே தாயிடம் திரும்பும் என்பதை அதில் எழுதவில்லை. அது யாவரும் அறிந்ததே என்று விட்டிருப்பீர்கள்.

உங்கள் விரைவை மெச்சுகிறோம். ஒன்பது நாள் ஓயாமல் கூடிப் பேசி, பிள்ளையின் அழுகையை நிறுத்த வழி கண்டிருக்கிறீர்கள். அழுகை அதற்கு முந்தின நாளே நின்றுவிட்டது. அது எவ்வாறு நின்றது என்பதையும், எதனால் தொடங்கியது என்பதையும் இனிச் சொல்லுவோம். எல்லாவற்றுக்கும் காரணம் ஓர் எழுத்தின் கொம்பு.

எம் பேறு பார்த்த மருத்துவச்சி பூதி இருபத்தைந்தாம் நாள் வரை எம்முடன் இருந்தாள். அவள் பிள்ளையை நீட்டுவாள், யாம் வாங்கி அணைத்துக்கொள்வோம். எப்போது நீட்டினாள், எத்தனை முறை நீட்டினாள் என்று யாம் நினைத்துப் பார்த்ததே இல்லை. உப்பங்கழிக் குடியிருப்பில் வேறொருத்திக்கு நோவு கண்டதென்று அவள் படகேறிப் போன பின், பிள்ளை சிணுங்கத் தொடங்கினாள். மாலை விளக்கேற்றும் வேளையானால் சிணுங்கல் முற்றி வீறிட்ட அழுகையாகும். எப்போது பால் கொடுக்க வேண்டும் என்று கேட்டு யாம் ஆள் விடுத்தோம். பூதிக்கு எழுத்து தெரியாது. அவள் சொல்ல, அவள் மருமகன் எழுதி, மறுநாள் ஓலை வந்தது. ஒரே வரி. பிள்ளை கொள்பொழுது அறிந்து பால் தருக.

பிள்ளை எப்போது கொள்கிறதோ அப்போது கொடு என்பது பொருள். ஆனால் ஏடு கிழியும் என்று நாம் ஓலையில் புள்ளி வைப்பதில்லை. குறிலுக்கும் நெடிலுக்கும் கொம்பு ஒன்றே. இடமறிந்து படித்துக்கொள்க என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலாண்டிலேயே சொல்லித் தருகிறோம். எமக்கு வரும் ஓலையெல்லாம் முன்மண்டபத்தில் படிக்கப்பட்டே உள்ளே வரும்; அங்கே பெருங்கணி விழுப்பரையர் தமக்கு உரிய இடத்தை அறிந்து படித்தார். கொள்பொழுதைக் கோள்பொழுது என்று படித்தார். உப்பங்கழி மருத்துவச்சிக்கும் வான நூல் தெரிந்திருக்கிறதே என்று வியந்து கண்ணீர் மல்கினாராம்.

அன்று தொடங்கி எம் மகளின் பசியை வானம் ஆண்டது. பகலும் இரவுமாக ஐந்து வேளை பால் என்று கட்டம் வரைந்து வந்தது. வியாழன் வேளையில் வலப்புறம், வெள்ளி வேளையில் இடப்புறம். சனிக்கும் செவ்வாய்க்கும் உரிய வேளைகளில் ஒரு துளியும் ஆகாது. வாயிலில், நீர் சொட்டிப் பொழுது காட்டும் நாழிகைக் கன்னல் வைக்கப்பட்டது. வேளை தொடங்கினால் மூன்று கொம்பு, முடிந்தால் மூன்று கொம்பு. முதல் மூன்று கொம்பில் பிள்ளை நடுங்கி விழிப்பாள். நடுக்கம் தணிந்து அவள் வாய் வைக்கும்போது அடுத்த மூன்று கொம்பு ஊதும். அரச பிள்ளைக்கு அரசக் கோலத்தில் பாலூட்டுவதே முறை என்று முதலமைச்சர் நினைவூட்டியதால் மணியாரம், முத்துக்கச்சு, தோள்வளை அத்தனையும் பூண்டிருந்தோம். மணியாரத்தின் பதக்கம் பட்டு அவள் நெற்றியில் சிவந்த தடம் இன்னும் இருக்கிறது.

இடைப்பட்ட வேளையில் அழுதால் என்ன செய்வது என்பதற்கும் நீங்கள் வழி வைத்திருந்தீர்கள். நால்வர் வந்து திரைக்கு வெளியே பண் பாடினார்கள். பிள்ளை அவர்களைவிட மேல் குரலில் அழுதாள். போர்முரசின் ஓசைக்கு வீரர் குலப் பிள்ளை மயங்கும் என்று படைத்தலைவர் முரசறைவித்தார். மயங்கி விழுந்தவள் எம் தோழி ஒருத்தி. கழுதைப்பால் நல்லதென்று எவரோ சொல்ல, வாயிலில் கழுதை ஒன்று கட்டப்பட்டது. அதற்கும் அதன் குட்டி நினைவு வந்ததோ என்னவோ, அதுவும் சேர்ந்து கத்தியது. இவ்வளவும் நடந்தும் பிள்ளை அடங்காதது கண்டு, அரசியின் பால் பிள்ளைக்கு ஒவ்வவில்லை என்று திரைக்கு அப்பாலிருந்தே தெளிந்து சொன்னார் விழுப்பரையர்.

இவ்விடத்தில் யாம் என்பதை விட்டு நான் என்றே எழுதுமாறு ஓலை எழுதும் சாத்தியிடம் சொல்லியிருக்கிறேன். நான் அதை நம்பினேன். என் பிள்ளைக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று ஒன்பது நாள் நம்பினேன். அவள் வாயைத் திறந்து என் பக்கம் தலையைத் திருப்புவாள், நான் கன்னலைப் பார்ப்பேன். கையை எடுத்துச் சூப்புவாள், நான் கன்னலைப் பார்ப்பேன். மார்பில் பால் கட்டிக் கல்லாகிக் காய்ச்சல் கண்டது. பால் வழிந்து உடுத்த பட்டு நனைந்தது. பசித்த பிள்ளை மூன்று முழம் தள்ளித் தொட்டிலில் கதற, செவ்வாயின் வேளை கழியட்டும் என்று கையைக் கட்டி உட்கார்ந்திருந்தேன். உங்கள் மேல் எனக்குச் சினம் உண்டு. என் மேல் அதைவிடப் பெரிது. இந்நாட்டில் எந்தத் தாயும் செய்யாததை, அரசி என்ற ஒரே காரணத்தால் நான் செய்தேன்.

முந்தாநாள் காலை பூதி வந்தாள். தானாக வரவில்லை. அவள் சொன்ன கோள்பொழுது பலிக்காதது ஏன் என்று கேட்டறிய நீங்களே ஆள் விட்டு அழைத்திருந்தீர்கள். உங்கள் மண்டபத்துக்குப் போகுமுன் பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே வந்தவள், பிள்ளையின் தொடையைத் தொட்டுப் பார்த்தாள். இரவு முழுதும் எத்தனை துணி நனைத்தாள் என்று கேட்டாள். ஒன்று என்றோம். அதை எடுத்துப் பார்த்து, இவ்வளவு மஞ்சளாக இருக்கலாமா, வளரும் பிள்ளை வேளைக்கு வேளை நனைக்க வேண்டாமா, பால் எங்கே போயிற்று என்று கேட்டாள். கோள்பொழுது பார்த்துக் கொடுக்கிறோம் என்றோம். எந்தக் கோள் என்று கேட்டாள். விளக்கினோம். தனக்குத் தெரிந்த கோள் ஒன்றே என்றும், அது தன் நாத்தனார் ஊரெல்லாம் சொல்லித் திரிவது என்றும் சொன்னாள்.

பின்னர் அவள் உங்களைக் கேட்காமல் செய்தவற்றையும் மறைக்காமல் தெரிவிக்கிறோம். கன்னலைக் கவிழ்த்தாள். கொம்பூதிகளை வீட்டுக்குப் போகச் சொன்னாள். எம் மேலிருந்த அணிகலன் அத்தனையும் கழற்றி ஒரு கூடையில் போட்டாள். பிள்ளையின் பட்டையும் அவிழ்த்து, வெறும் மேனியோடு எம் வெறும் மார்பில் கிடத்தி, இருவர்மேலும் ஒரு பழஞ்சேலையைப் போர்த்தினாள். கல்லாகிக் கிடந்த மார்பைக் கையால் மெல்லப் பிழிந்து இளக்கினாள். பிள்ளையின் வயிறு எம் வயிற்றோடு ஒட்டி இருக்க வேண்டும் என்றாள். வாயைப் பெரிதாகத் திறக்கும்வரை பொறுத்து, திறந்ததும் சட்டென்று அணைக்க வேண்டும், காம்பை மட்டும் கவ்வினால் உனக்கும் புண், அவளுக்கும் பட்டினி என்றாள். ஆம், உனக்கு என்றே சொன்னாள். முடி தலையில் இல்லாததால் எமக்கு அது குறையாகத் தோன்றவில்லை.

பிள்ளை குடித்தாள். விழுங்கும் ஓசை எமக்கே கேட்டது. தோளில் சாய்த்து முதுகைத் தட்டியதும் ஓர் ஏப்பம் விட்டாள். அதன் முன் உங்கள் முரசு கெட்டது. மீண்டும் அரை நாழிகையில் தலையை அசைத்து வாயைத் திறந்தாள். இப்போதுதானே குடித்தாள் என்றோம். அதனால் என்ன, நீ நேற்று உண்டாய் என்று இன்று உண்ணாமல் இருக்கிறாயா என்று பூதி கேட்டாள். அழுகை என்பது பசியின் கடைசிச் சொல், அதற்கு முன்பே அவள் வாயாலும் கையாலும் பலமுறை கேட்டுவிடுகிறாள் என்றும் சொன்னாள். நேற்று மட்டும் பன்னிரண்டு முறை குடித்தாள். துணி ஏழு நனைந்தது. இவ்வேழு துணியைப் போல் எம்மை மகிழ்வித்த திறைப்பொருள் எதுவும் இதுவரை வந்ததில்லை.

இவ்வளவையும் சுருக்கிப் பெருங்கணிக்கு எழுதினோம். இன்று காலை அவருடைய மறுமொழி வந்தது. தாம் படித்ததே சரியென்றும், கொள்பொழுது என்று கொண்டால் எந்நேரமும் என்று பொருள்படும், அவ்வளவு எளிய விதி அரச பிள்ளைக்கு இருக்க இயலாதென்றும் எழுதியிருக்கிறார். பெருங்கணிக்கு யாம் ஒன்று சொல்ல விரும்புகிறோம். கோளும் பொழுதும் புணர்ந்தால் கோட்பொழுது என்று திரியும். ஓலையில் டகரம் இல்லை, ளகரமே இருக்கிறது. இதையும் அவர் அறிவார். ஓலை எழுதிய உப்பங்கழியான் சொற்புணர்ச்சி அறியாதவன், ஆதலால் பிழைபட எழுதினான் என்று அதற்கும் விடை வைத்திருக்கிறார். வான நூல் முழுதும் அறிந்து, சொற்புணர்ச்சி மட்டும் அறியாத ஒருவனை அவர் உப்பங்கழியில் கண்டெடுத்ததற்குப் பரிசு தரலாம். பரிசு வருகிறது.

இனி ஆணை. தொண்ணூறு நாள் திரை மரபை இன்றோடு நீக்கினோம். அந்தி வேளையில் இந்தப் பருவத்துப் பிள்ளைகள் வயிறு நிறைந்திருந்தும் காரணமின்றிச் சிணுங்கும், மூன்று மாதம் ஆனால் தானே குறையும், அதுவரை எடுத்துவைத்துக்கொண்டு நடக்கத்தான் வேண்டும் என்று பூதி சொல்கிறாள். யாமும் உண்டு உறங்க வேண்டும். ஆகையால் நாளை தொடங்கி, நாளுக்கு ஒருவராக நீங்கள் ஐவரும் விளக்கேற்றும் வேளைக்குக் கைகழுவி வந்து, மோதிரமும் ஆரமும் கழற்றி வைத்து, இளையபிராட்டியைத் தோளில் சாய்த்து அவள் அடங்கும்வரை நடப்பீர்களாக. நாளை விழுப்பரையர். அடுத்த அழுகை எப்போது என்று அவர் முன்கூட்டியே சொல்லலாம். வெண்பட்டு உடுத்து வர விரும்பினால் தடையில்லை. திரும்பும்போது அது வெண்பட்டாக இராது.

நிறைமதி நாளில் எம் மகளை எடுத்துப்போகப் பல்லக்கு வர வேண்டா. அவள் எங்கும் போகமாட்டாள். அரசியைக் காண வேண்டுவோர் அவளும் யாமும் இருக்கும் இவ்வறைக்கே வருக. அவள் பால் குடித்துக்கொண்டிருந்தால் வெளியே காத்திருக்க.

ஒன்று மீதமிருக்கிறது. இன்று காலை பூதி எம்மை ஒரு கேள்வி கேட்டாள். செவிலிமாடத்தில் ஐந்து நாளாக வைத்திருக்கிறீர்களே, அந்த எழுவருக்கும் பால் எப்படி வந்தது என்று கேட்டாள். ஏழு பெண்களுக்குப் பால் சுரக்கிறது என்றால் ஏழு வீட்டில் ஏழு பிள்ளைகள் இருக்கின்றன. நாள்மீன் பார்த்தீர்கள், குலம் பார்த்தீர்கள், பல் வரிசையும் பார்த்தீர்கள். இதை உங்களுள் எவரும் கேட்கவில்லை. யாமும் கேட்கவில்லை, எம் பிள்ளையின் அழுகை எம் காதை அடைத்திருந்தது. அரண்மனைப் பல்லக்குகள் ஏழையும் எடுத்து, ஒருத்திக்கு ஒன்றாக ஏற்றி, அவரவர் வீட்டு வாயிலில் இறக்கிவிட வேண்டும்.

இது அரசியின் வாய்மொழி. சாத்தி எழுத, மருத்துவச்சி பூதி உடனிருக்க, ஆம்பல் நாட்டு அரியணையின் பேரால் விடுக்கப்பட்டது. முத்திரையிட வேண்டிய கை இப்போது பிள்ளையின் தலைக்கு அடியில் இருக்கிறது. அவள் உறங்கிய பின்னரே அதை எடுக்க இயலும் என்பதால், முத்திரையிட்ட படி மாலையில் வரும். அதற்குக் காத்திராமல் எழுவரையும் இப்போதே அனுப்புக.