புகைபோக்கிக்கு மூன்று விலை

ஜூன் 3, செவ்வாய்

இரண்டாவது ஆளும் வந்து பார்த்துவிட்டுப் போனார். வரவேற்பறைச் சுவரில் புகைபோக்கியோடு இருக்கிற திறந்த நெருப்புக் குழிக்குள் கண்ணாடிக் கதவு வைத்த விறகு ஹீற்றர் ஒன்றைப் பொருத்த ஐயாயிரத்து எண்ணூறு டொலராம். போன கிழமை வந்தவர் மூவாயிரத்து அறுநூறு என்றார். அதே குழி, அதே ஹீற்றர். விலை எழுதிய இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன். மலிவானதில், புகை போவதற்கு "குழாய்" என்று மட்டும் இருக்கிறது. மற்றதில் "முழு நீளக் குழாய்". குழாய் பாதியில் நிற்குமா? மூன்று தரம் வாசித்தும் மண்டைக்குள் ஏறவில்லை.

இவருக்குக் கிரெய்கிபர்ன் வீட்டை விற்று, மலையடிக் குளிர் ஊரான த பேசினுக்கு வந்ததிலிருந்து இந்த நெருப்புப் பைத்தியம். விடிய நாலரைக்கு பஸ் ஓட்டப் போகுமுன், குளிர்காலம் என்று எனக்காக மூட்டிவிட்டுப் போகிறார். நான் வேலை செய்வது நெருப்புக் குழிக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில். சுவர் இளஞ்சூடாக இருக்கும். சாய்ந்துகொண்டு, டொக்டர்மார் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழ் ஆட்களுக்கு போனில் மொழிபெயர்ப்பேன்.

தலையிடி.

ஜூன் 11, புதன்

எழுதவே கை கூசுகிறது. காலையில் ஒரு கண் டொக்டரின் அழைப்பு. இடது கண்ணுக்கு மட்டும் மருந்து விடச் சொன்னார். நான் தமிழில் வலது என்றேன். நோயாளி அம்மாதான், "பிள்ளை, வலது கண்ணில எனக்கு ஒண்டும் இல்லையே" என்றார்.

பதினாறு வருடமாக இந்த வேலை. இடதும் வலதும் எப்படி மாறும்? அந்த அம்மா கேட்காமல் விட்டிருந்தால்?

ஜூன் 12, வியாழன்

ஃபிரிட்ஜில் வைக்கவேண்டிய பால் அலமாரிக்குள், தட்டுகளுக்கு மேல் இருந்தது. வைத்தது நான்தான். வேறு யார் வீட்டில்?

ஜூன் 15, ஞாயிறு

கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போனோம். தலை கண்ணாடி மாதிரித் தெளிவு. பழைய ஆட்களின் பிள்ளைகள் பெயரையெல்லாம் பிழையில்லாமல் சொன்னேன். அப்படியென்றால் எனக்கு வருத்தம், நோய் ஒன்றும் இல்லையா? இல்லை, இந்த வீடுதான் பிடிக்கவில்லையா? பிடிக்கவில்லை என்று எனக்கே தெரியாமல் இருக்குமா?

இவரிடம் சொன்னேன். "அந்த அறையில இருந்தாத்தான் தலை பாரமாக் கிடக்குது."

"அறை என்னப்பா செய்யும்? தனிய இருந்து யோசிக்கிறீர், அதுதான்."

இருக்கலாம்.

ஜூன் 18, புதன்

டொக்டரிடம் போனேன். டொக்டர் அம்மா வயதைக் கேட்டா. ஐம்பத்தொன்று என்றதும் தலையாட்டினா. நித்திரை எப்படி, மாதவிடாய் நின்றுவிட்டதா, குடும்பத்தில் யாருக்கும் மறதி நோய் உண்டா? உண்டு. அம்மாவின் தமக்கைக்கு. அதைச் சொன்னபோது அவ ஏதோ தட்டச்சு செய்தா. ஞாபகச் சோதனைக்கு ஒரு கடிதம் தந்தா.

வீட்டுக்கு வந்து காருக்குள்ளேயே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

ஜூன் 24, செவ்வாய்

ஆஸ்பத்திரி அழைப்புகள் இனி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பள்ளிக்கூடம், வங்கி மட்டும் போதும். அழைப்புகளைப் பங்கிட்டுத் தரும் லக்ஷ்மிப்ரியா உடனே போன் எடுத்தாள். "ஏன் கௌரிக்கா? ஆஸ்பத்திரிக்காரங்க உங்களைத்தானே பேர் சொல்லிக் கேக்கறாங்க?"

களைப்பு என்றேன். வேறு என்ன சொல்ல? என் தலைக்குள் சொற்கள் இடம் மாறி நிற்கின்றன என்றா? திரும்பி வருவதென்றால் பரீட்சை எழுத வேண்டிவரும் என்றாள். சரி என்றேன். அழவில்லை. பிறகு அழுதேன்.

ஜூன் 26, வியாழன்

மூவாயிரத்து அறுநூறுக்காரருக்கே கொடுப்பதாக முடிவு. இவர் சந்தோஷமாக, "ரெண்டும் ஒரே சாமான்தானப்பா. மற்றவன் பேருக்குக் காசு கேக்கிறான்" என்றார். பாதிக் குழாயைப் பற்றிக் கேட்க நினைத்தேன். கேட்டேனா?

ஜூலை 2, புதன்

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

பதினொரு மணிக்கு ஒரு பெண் ஏணியோடு வாசலில். அறுபது வயதிருக்கும், பெயர் ஹெதர். புகைபோக்கி பார்க்க வரச்சொன்னீர்களே என்றா. இவர் இன்று லீவில் நின்றவர். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆர் இவவை வரச்சொன்னது?"

"நான் சொல்லேல்லை."

போனை வாங்கிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஹெதருக்கு நான்தான் எடுத்திருக்கிறேன். ஆறு நிமிடம் கதைத்திருக்கிறேன். ஒன்றுமே நினைவில் இல்லை. "வியாழக்கிழமை தானே ரெண்டு பேருமாய் இருந்து முடிவெடுத்தனாங்கள்? உமக்கு என்னதான் நடக்குது?" சத்தம் போட்டார். வேற்று மனுசி முன்னால். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வந்ததற்கு மேலே ஏறிப் பார்த்துவிட்டே போகிறேன், அதற்குக் காசு வேண்டாம் என்று ஹெதர் ஏணியைச் சாத்தினா. கூரையில் புகைபோக்கியின் வாயை மூடினா. பிறகு நெருப்புக் குழியில் இருந்த சாம்பலை அள்ளிவிட்டு, மாத்திரை போல இருந்த புகை கக்கும் குளிசை ஒன்றை அதற்குள் பற்றவைத்து, முன்பக்கத்தையும் தகட்டால் அடைத்தா. வெளியே போக வழியில்லாத புகை எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டுமாம். அறை அறையாக நடந்தா.

என் அறையில் நின்றா. எங்களைக் கூப்பிட்டா.

மேசைக்குப் பின்னால், நிலத்தோடு சுவர் சேருகிற இடத்திலிருந்து வெள்ளையாக, மெல்லமாக, ஒரு துணி விரிவது போலப் புகை வந்துகொண்டிருந்தது. நான் முதுகைச் சாய்க்கிற அதே இடம்.

"இந்தக் கதிரையில் யார் இருப்பது?" என்று கேட்டா.

நான் என்றேன்.

"தலையிடி வருமா?"

இவர்தான் சொன்னார். தலையிடி, குமட்டல், மறதி, பால், கண் டொக்டர், எல்லாம். நான் சொன்னபோது அவர் காதில் விழவில்லை என்று நினைத்தவை.

ஹெதர் விளக்கினா. உள்ளே செங்கல் வெடித்து, சாந்து உதிர்ந்திருக்கிறது. சுவாலை எரியும்போது எல்லாம் மேலே இழுபடும். தணலாகும்போது இழுவை குறையும். அப்போது வருகிற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது சுவரால் கசிந்திருக்கிறது. பாதிக் குழாயோடு ஹீற்றரை வைத்துக் குழியை அடைத்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். அடிமுதல் நுனிவரை உருக்குக் குழாய், வெடிப்புகளுக்குப் பூச்சு, ஹீற்றர், வாயு இருந்தால் அலறுகிற கருவி இரண்டு: ஒன்பதாயிரத்து நானூறு.

இவர் பேரம் பேசவில்லை.

அவ போனபிறகு வீட்டின் எல்லா யன்னலையும் திறந்தார். ஐந்து பாகைக் குளிர். குசினி வாசலில் நின்று, "நான் உமக்குக் குளிரும் எண்டுதானே..." என்று தொடங்கினார்.

ஜூலை 4, வெள்ளி

டொக்டர் இரத்தம் எடுத்தா. இரண்டு நாளானதால் அநேகமாக ஒன்றும் காட்டாது என்றா. என் வருத்தமெல்லாம் அந்த வாயுவோடு பொருந்துகிறது, ஆனால் ஞாபகச் சோதனையையும் செய்து பார்ப்போம் என்றா. அப்படியென்றால் புகைதானா, இல்லையா? ஏன் ஒருவரும் நேராகச் சொல்வதில்லை?

ஜூலை 10, வியாழன்

எட்டு நாளாக நெருப்பு இல்லை. தலையிடியும் இல்லை. பின்னேரம் பழைய மருத்துவச் சொற்களை எடுத்து வைத்துச் சொல்லிப் பார்த்தேன். மண்ணீரல், கணையம், விழித்திரை. கூப்பிட்டதும் வந்து நின்றன.

ஜூலை 24, வியாழன்

ஹீற்றர் பொருத்தியாயிற்று. ஞாபகச் சோதனையிலும் ஒன்றும் இல்லை என்று கடிதம். இவர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு வெளியே போய் விறகு அடுக்கினார். நெருப்பை மூட்ட மாட்டேன் என்கிறார். நான்தான் மூட்டினேன்.

ஆஸ்பத்திரி அழைப்பு எடுப்பதற்குப் பரீட்சை செப்டெம்பரில்தானாம். விதி விதிதான் கௌரிக்கா என்கிறாள் லக்ஷ்மிப்ரியா. கோபம் வந்தது. யார் மேல்? அவள் மேல் இல்லை. இவர் மேலா? குளிருமே என்று விடிய எழுந்து நெருப்பு மூட்டின மனுசன் மேல் எப்படிக் கோபப்படுவது? கோபப்படாமல்தான் எப்படி?

ஓகஸ்ட் 10, ஞாயிறு

பிள்ளையார் கோயிலில் பகல் சாப்பாடு. ஃபெர்ன்ட்ரீ கலியில் வீடு வாங்கியிருக்கிற பழனிசாமி, தட்டோடு வந்து இவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஹீட்டர் போட்டீங்களாமே சார், எங்க வீட்டுலயும் போடணும், எவ்வளவு ஆச்சு?"

வழக்கமாக இவர் ஒரு விலையைச் சொல்லி, அதைக் குறைத்த கதையையும் சேர்த்துச் சொல்லுவார். இன்று சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"ஒன்பதாயிரத்து நானூறு. இவ அப்பவே சொன்னவ, அந்த அறை சரியில்லையெண்டு. நான் கேக்கேல்லை. ஒவ்வொரு நாளும் என்ர கையாலதான் மூட்டிப்போட்டுப் போனனான்." தட்டைத் தள்ளி வைத்தார். "முதல்ல மேல ஏறிப் பாக்கச் சொல்லுங்கோ. விலையைப் பிறகு கேக்கலாம்."

பழனிசாமி என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய் மூவருக்கும் தண்ணீர் எடுத்து வந்தேன்.

காருக்குள் ஏறியபிறகு, "கோபமோ?" என்று கேட்டார்.

"ஓம்," என்றேன். "எவ்வளவு எண்டு எனக்கே தெரியேல்லை."

தலையாட்டினார். வீட்டில் வந்து இறங்கியதும் நேரே என் அறைக்குள் போய், அந்தச் சுவரோடு கிடந்த மேசையை அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் தூக்கி, யன்னலடிக்கு மாற்றினோம்.